கன்சல்டிங் இன்டர்வியூவும் மனக்கணக்கும்: கிளிநொச்சியிலிருந்து போய்ப் பட்டது

முதலில் அந்த வகுப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. கன்சல்டிங் கம்பனிகளின், அதாவது மற்றக் கம்பனிகளுக்கு ஆலோசனை சொல்லும் கம்பனிகளின், இன்டர்வியூவுக்கு மின்னல் வேகக் கணக்குச் சொல்லித் தருகிறோம் என்று சூமில் நடத்தினார்கள். காசு முழுவதும் முன்கூட்டியே கட்ட வேண்டும். ஐந்தில் முடிகிற எண்ணை எப்படி வர்க்கிப்பது, 11-ஆல் எப்படிப் பெருக்குவது, 98-ஐ 97-ஆல் பெருக்க என்ன வழி என்று வாரக்கணக்கில் இதுவே பாடம். எட்டை ஒன்பதால் பெருக்கிப் பின்னால் 25 ஒட்டினால் 85-இன் வர்க்கம், 7,225. நித்திரையில் கேட்டாலும் சொல்வேன். நான் போன இன்டர்வியூக்களில் ஒருவர்கூட அதைக் கேட்கவில்லை.

அங்கே கேட்பது வேறு. ஒரு கம்பனியின் கதையைச் சொல்லி, இடையில் நாலைந்து எண்ணைப் போட்டுவிட்டு, இலாபம் ஏன் விழுந்தது, விலையை எவ்வளவு கூட்டலாம் என்று கேட்பார்கள். மக்கின்சி, பிசிஜி, பெயின் போன்ற பெரிய இடங்களிலும் சரி, கொழும்பில் நான் போன சின்ன இடங்களிலும் சரி, இந்தக் கேஸ் இன்டர்வியூதான் முறை. கல்குலேட்டர் கிடையாது. பேனையும் தாளும் உண்டு, எழுதிப் பார்க்கலாம். எண்கள் பெரும்பாலும் வட்டமாகத்தான் வரும். ஆளை விழுத்துவது பூச்சியம்.

எங்கள் பக்கம் காணி, நெல், உழவு மெஷின் எல்லாம் இலட்சத்தில்தான் பேச்சு. அங்கே போனால் மில்லியன், பில்லியன். பத்து இலட்சம் ஒரு மில்லியன், ஒரு கோடி பத்து மில்லியன், நூறு கோடி ஒரு பில்லியன் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் ஒரு ஆள் முன்னால் இருந்து பார்த்துக்கொண்டிருக்க, 4.8 பில்லியனை ஆறு இலட்சத்தால் வகுக்கச் சொன்னால் தலைக்குள் இரண்டு கணக்கு ஓடும். வகுப்பது ஒன்று, மாற்றுவது இன்னொன்று.

எனக்குக் கைகொடுத்தது இதுதான்: காதில் இலட்சம் என்று விழுந்த உடனேயே தாளில் ஆயிரத்தில் எழுதிவிடுவது. ஆறு இலட்சம் என்றால் 600 ஆயிரம். 4.8 பில்லியன் என்றால் 4,800 மில்லியன். 4,800-ஐ 600-ஆல் வகுத்தால் 8. மில்லியனை ஆயிரத்தால் வகுத்தால் ஆயிரம். விடை 8 ஆயிரம். பூச்சியத்தை எண்ணிக்கொண்டு இருக்கவே தேவையில்லை, மூன்று பூச்சியமாகக் கட்டிய படிகள் மூன்றுதான்: ஆயிரம், மில்லியன், பில்லியன். இதை வகுப்பில் கேட்டபோது அந்தச் சேர் சொன்னது, "அது பேசிக் தானே, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்." பேசிக்கைச் சொல்லித் தராமல் வேறு எதற்குக் காசு வாங்கினாராம்?

விண்ணப்பம், ஒன்லைன் டெஸ்ட் எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. ஒன்று மட்டும்: ஐப்பசி கார்த்திகை மழையில் எங்கள் பக்கம் கரண்டையும் சிக்னலையும் நம்பி நேரக்கட்டுப்பாடுள்ள டெஸ்ட் எழுதாதீர்கள். டவுனில் யாராவது தெரிந்தவர் வீட்டுக்குப் போய், போனிலும் டேட்டா போட்டு வைத்துக்கொண்டு எழுதுங்கள். பாதியில் அறுந்தால் திரும்பத் திறக்க மாட்டார்கள்.

அப்புறம் கடுதாசி. முதல் கம்பனி கிராம அலுவலர் (ஜீ.எஸ்.) சான்றிதழும் பட்டப் பெறுபேறும் அத்தாட்சிப்படுத்திக் கொண்டுவரச் சொல்லி எழுதியிருந்தது. ஜீ.எஸ். எழுதித் தந்தார், நல்ல மனிதர். அதில் பிரதேச செயலகத்தின் மேலொப்பம் வேண்டும். அங்கே போனால் "சேர் பீல்டுக்குப் போட்டார், நாளைக்கு வாங்கோ." நாளைக்குப் போனால் கூட்டமாம். கடைசியில் ஒப்பம் கிடைத்தபோது, மேசையிலிருந்தவர் என்ன வேலைக்கு என்று கேட்டார். கன்சல்டிங் என்றேன். "அது என்ன, கொந்தராத்தோ?" என்றார். விளக்க நேரமில்லை, ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன். அந்தச் சான்றிதழைக் கொழும்பில் யாரும் விரித்துக்கூடப் பார்க்கவில்லை என்பது வேறு கதை.

இரவு பஸ்ஸில் போனேன். விடிய வெள்ளவத்தையில் இறங்கி, சிநேகிதனின் அறையில் முகம் கழுவி, சப்பாத்தைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கம்பனி வாசலுக்குப் போனால், வரவேற்பு மேசையில் இருந்த பிள்ளை கணினியைப் பார்த்துவிட்டு, இன்டர்வியூ அடுத்த கிழமைக்கு மாற்றியாயிற்று, நேற்று மெயில் போட்டோமே என்கிறார். உண்மைதான், போட்டிருந்தார்கள். பஸ் மதவாச்சி தாண்டியிருக்கும் நேரத்தில் வந்த மெயில். முந்நூறு கிலோமீற்றருக்கு மேல் அந்தப் பக்கத்திலிருந்து ஒருவன் வருகிறான் என்று விண்ணப்பத்திலேயே இருக்கிறது. ஒரு கோல் எடுத்திருந்தால் போதும். "கொழும்பில் இருக்கிறவர்களுக்குப் பிரச்சினை இல்லையே" என்று பதில் வந்தது. ஒன்றும் பேசாமல் வெளியே வந்தேன். ஆகவே தூரத்திலிருந்து போகிறவர்கள் முதல் நாள் பின்னேரமே அலுவலகத்துக்குக் கோல் எடுத்து, நாளைக்கு நிச்சயமா என்று வாயால் கேட்டு உறுதிப்படுத்துங்கள். மெயிலை நம்பி பஸ் ஏறவேண்டாம்.

அடுத்த கிழமை திரும்பப் போனேன். இந்த முறை நடந்ததைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் கணக்கு எப்படி வருகிறது என்பது இதில் அப்படியே இருக்கிறது.

ஒரு பிஸ்கட் கம்பனி. வருட வருமானம் 4.8 பில்லியன் ரூபா. இலாபம் அதில் 12.5 சதவீதம். செலவு 8 சதவீதம் கூடிவிட்டது. இலாபம் என்னவாகும்?

12.5 சதவீதம் என்றதும் தசமத்தில் பெருக்கத் தொடங்கினால் நேரம் போய்விடும். அது எட்டில் ஒன்று. 4,800-ஐ எட்டால் வகுத்தால் 600 மில்லியன் இலாபம். மிச்சம் 4,200 மில்லியன் செலவு. அதன் 8 சதவீதம், 42-ஐ 8-ஆல் பெருக்கினால் 336. ஆக இலாபம் 600-இலிருந்து 264 மில்லியனுக்கு வந்துவிட்டது. செலவு எட்டு வீதம் கூட, இலாபம் பாதிக்கும் மேல் போயிற்று. விடையைச் சொல்லும்போது இந்தக் கடைசி வசனத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள். வெறும் 264 என்று சொல்லிவிட்டு வாயை மூடினால் அடுத்த ரவுண்டுக்குக் கூப்பிட மாட்டார்கள்.

அடுத்த கேள்வி: பழைய நிலைக்கு வர விலையை எவ்வளவு கூட்டவேண்டும்? விற்பனை குறையாது என்று வைத்துக்கொள்ளச் சொன்னார். 336-ஐ 4,800-ஆல் வகுத்தால் 7 சதவீதம். ஏழு என்றேன். எதிரில் இருந்தவர் முகத்தைச் சுளித்து, செலவு எட்டு கூடினால் விலையும் எட்டுத்தானே கூடவேண்டும் என்றார். அவர் சோதிக்கிறாரா, உண்மையாகவே அப்படி நினைக்கிறாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தாளைத் திருப்பி அவர் பக்கம் வைத்தேன். பழைய 600 மில்லியன் ரூபா இலாபம் வேண்டுமென்றால் 7 போதும், செலவு வருமானத்தில் எட்டில் ஏழு பங்குதானே. பழைய 12.5 சதவீதமே இலாபமாக நிற்கவேண்டும் என்றால்தான் 8. அப்போது இலாபம் 648 மில்லியனாகக் கூடும். எது வேண்டும் உங்கள் கிளையன்டுக்கு என்று கேட்டேன். பக்கத்தில் இருந்த அக்கா சிரித்துவிட்டார். எதிரில் இருந்தவர் எதுவோ குறித்துக்கொண்டார்.

அந்தக் கம்பனி எனக்கு வேலை தரவில்லை. காரணமும் சொல்லவில்லை. இருந்தாலும் அந்த ஏழையும் எட்டையும் நினைத்தால் இப்போதும் ஒரு திருப்தி.

பின்னம் பற்றி இன்னும் சொல்லவேண்டும், ஏனென்றால் பாதி வேலையை அது முடித்துத் தருகிறது. ஆறில் ஒன்று 16.7, ஏழில் ஒன்று 14.3, எட்டில் ஒன்று 12.5, ஒன்பதில் ஒன்று 11.1, பன்னிரண்டில் ஒன்று 8.3. இவ்வளவும் நாக்கு நுனியில் இருந்தால் போதும். எனக்கு இதைப் பழக்கியது பரந்தனில் கடை வைத்திருக்கும் மாமா. பழைய வாய்ப்பாட்டுக்காரர், அரைக்கால், வீசம் எல்லாம் இன்னும் வாயில் இருக்கிறது. அரைக்கால் எட்டில் ஒன்று, வீசம் பதினாறில் ஒன்று. 6.25 சதவீதம் எவ்வளவு என்று நான் தாளைத் தேட, "வீசம் தானேடா, நாலாய்ப் பிரிச்சுத் திரும்ப நாலாய்ப் பிரி" என்றார். பின்னேரங்களில் கடையில் நின்று, வருகிற பில்லையெல்லாம் அவர் சொல்லும்முன் சொல்லிப் பார்த்தேன். காசு கட்டிய வகுப்பைவிட அந்தக் கடையில் கற்றது அதிகம். புசலிலும் பழகலாம்: ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோ. 40 ஏக்கர், ஏக்கருக்கு 80 புசல் என்றால் 3,200 புசல். அதை 20-ஆல் பெருக்கி 64,000, இன்னொரு 3,200 சேர்த்து 67,200 கிலோ. 21-ஆல் ஒருபோதும் நேரே பெருக்காதீர்கள்.

சின்னச் சின்ன விஷயங்கள் சில. 25-இன் 36 சதவீதம் கேட்டால் திருப்பிப் போடுங்கள், 36-இன் 25 சதவீதம், 9. 18 சதவீதம் என்றால் இருபதை எடுத்து இரண்டைக் கழியுங்கள். இருபது வீதம் கூடி இருபது வீதம் குறைந்தால் பழைய இடத்துக்கு வராது, 96-இல் நிற்கும். இதை வேண்டுமென்றே கேட்கிறார்கள்.

72 விதியை எல்லாரும் சொல்லித் தருவார்கள். 72-ஐ வளர்ச்சி வீதத்தால் வகுத்தால் இரட்டிப்பாகும் காலம். 8 சதவீதத்துக்கு 9 வருடம், 12-க்கு 6 வருடம், கிட்டத்தட்டப் பொருந்தும். வகுப்பில் சொல்லாதது, வீதம் பெரிதானால் இது சறுக்கும் என்பது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம். 72 விதிப்படி ஒரு வருடத்தில் விலை இரட்டிப்பாக வேண்டும். ஆனால் 70 சதவீதம் கூடினால் நூறு ரூபா சாமான் வருட முடிவில் 170 தானே. இரட்டிப்பாக ஒன்றேகால் வருடத்துக்கும் கொஞ்சம் மேலே பிடிக்கும். நம் நாட்டு உதாரணம் கேட்டால் இந்தப் பொறி நிச்சயம் வரும்.

பிறகு போன இன்னொரு கம்பனியில், நாட்டில் வீடுகளுக்கு வருடம் எவ்வளவு சமையல் எரிவாயு தேவை என்று கேட்டார்கள். சனத்தொகை 22 மில்லியன், வீட்டுக்கு நாலு பேர், 5.5 மில்லியன் வீடு. எல்லா வீட்டிலும் மாதம் ஒரு சிலிண்டர் என்று வைப்போமா என்றார் கேட்டவர். கொழும்பில் வளர்ந்தவர் போலும். எங்கள் பக்கம் காஸ் அடுப்பு உள்ள வீட்டிலும் சோறு விறகில்தான் வேகிறது என்றேன். பிறகு நானே எடுகோள் வைத்தேன்: நாற்பது சதவீத வீடுகள், 2.2 மில்லியன். 12.5 கிலோ சிலிண்டர் ஒன்றரை மாதம் வரும் என்றால் வருடத்துக்கு எட்டு, அதாவது சரியாக 100 கிலோ. 220 மில்லியன் கிலோ, 220,000 தொன். ஒன்றரை மாதம் என்று நான் எடுத்ததே இந்த நூறுக்காகத்தான். எடுகோள் உங்கள் கையில் இருக்கும்போது, நியாயமான எல்லைக்குள் வகுபடுகிற எண்ணாகத் தெரிவுசெய்யுங்கள். 13 வாரம், 7 பேர் என்று எடுத்துவிட்டுப் பிறகு அல்லாடவேண்டாம்.

இன்னொன்று, கணக்குப் போடும்போது தமிழில் முணுமுணுப்பது தவறில்லை. "ஒரு நிமிடம் தாருங்கள்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுத் தலைக்குள் தமிழில் போட்டு, விடையை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னேன். படிப்படியாக வாயால் சொல்லிக்கொண்டே போடு என்று வகுப்பில் விழுந்து விழுந்து சொன்னார்கள். முதலில் எந்த வழியில் போகப்போகிறேன் என்று சொல்லிவிட்டால் போதும், இடையில் அரை நிமிட மௌனத்துக்கு யாரும் மார்க் குறைத்ததாக எனக்குத் தெரியவில்லை. தாளைக் குறுக்காக வைத்து, ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் மில்லியனா கிலோவா என்று எழுதுங்கள். பின்னால் அவர்கள் அந்தத் தாளை வாங்கி வைத்துக்கொள்வதும் உண்டு.

எரிவாயு கேட்ட கம்பனியில்தான் இப்போது இருக்கிறேன். அவர்கள் சான்றிதழ் எதையும் மேலொப்பத்தோடு கேட்கவில்லை, மூலப் பிரதியைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். போக்குவரத்துச் செலவு தருவீர்களா என்று கேட்டேன், கிளிநொச்சிவரை ரயில் டிக்கட் காசு தந்தார்கள். கேளுங்கள், கேட்காதவனுக்கு யாரும் தருவதில்லை. முதல் கம்பனிக்கும் இரண்டு போக்குவரத்துக்கும் பற்றுச்சீட்டோடு மெயில் போட்டிருக்கிறேன், பதிலைக் காணோம்.