ப்ளைத்பரோ ஆலயத்தின் தேவதூதர்கள்

இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில், ப்ளைத் ஆற்றின் சதுப்பு வெளியைப் பார்த்தபடி நிற்கிறது ப்ளைத்பரோ பரிசுத்த திரித்துவ ஆலயம். சின்ன ஊருக்கு இவ்வளவு பெரிய கோயிலா என்று யாருக்கும் தோன்றும். 15ஆம் நூற்றாண்டில் இதைக் கட்டியபோது ஊர் ஆற்றுத் துறைமுகமாக இருந்தது. பிறகு ஆறு மண் மேவியது, கப்பல்கள் வருவது நின்றது, ஊர் சுருங்கியது. கோயில் மட்டும் அதே அளவில் நிற்கிறது. கோபுரம் இன்னும் பழையது, 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது.

உள்ளே போனதும் முதலில் வெளிச்சம்தான். பெரிய ஜன்னல்களில் இப்போது இருப்பது பெரும்பாலும் சாதாரணக் கண்ணாடி. அண்ணாந்து பார்த்தால் நீண்ட மரக்கூரை, அதன் நடுவிட்டத்தில் சிறகு விரித்த மரத் தேவதூதர்கள். உத்தரங்களில் பழைய சிவப்பும் பச்சையும் மங்கலாக இன்னும் தெரிகின்றன. எனக்குக் கை தானாகவே குவிந்தது.

1644 ஏப்ரலில் கோயிலில் உருவங்களே கூடாது என்ற பியூரிட்டன் பிரிவைச் சேர்ந்த வில்லியம் டவுசிங் என்ற அதிகாரி இங்கே வந்து, சித்திரங்களை உடைக்கவும் தேவதூதர்களை இறக்கவும் உத்தரவிட்டார். ஆனாலும் பல தூதர்கள் தப்பிவிட்டார்கள். அவர்கள் உடலில் ஈயக்குண்டு துளைத்த தடங்கள் உண்டு. அவருடைய ஆட்கள் சுட்டது என்றுதான் வெகுகாலம் சொல்லி வந்தார்கள். ஆனால் 18ஆம் நூற்றாண்டில், கூரையில் அடைந்த காக்கை இனப் பறவைகளை விரட்டச் சுட்டதில் பட்ட காயங்கள் அவை என்றே இப்போது கருதுகிறார்கள்.

வடக்குக் கதவில் கருகிய தழும்புகள் இருக்கின்றன. கரிய பேய்நாயின் நகம் கீறியது என்பது ஊர்க்கதை. நடந்தது என்னவோ பெருந்துயரம். 1577 ஆகஸ்ட் 4, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நேரத்தில் புயலும் இடியும் தாக்கி, ஒரு ஆளும் ஒரு சிறுவனும் இறந்தார்கள். கதவருகே நின்று அந்த இருவருக்காகவும் ஜெபித்தேன்.

இருக்கைகளின் முனைகளில் ஏழு கொடும்பாவங்களை மனித உருவங்களாகச் செதுக்கியிருக்கிறார்கள். சோம்பல் கட்டிலில் உட்கார்ந்திருக்கிறது. பெருந்தீனி உப்பிய வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பிரசங்கம் கேட்க உட்காருகிறவர் கை வைக்கும் இடத்திலேயே அவை இருப்பது நல்ல யோசனை. அப்புறம், 1682 என்று தேதியிட்ட மரவீரன் ஒருவன் இருக்கிறான். ஆராதனை தொடங்கும்போது மணியடிப்பது அவன் வேலை.

இத்தனை இருந்தும் என்னை அதிகம் தொட்டது 19ஆம் நூற்றாண்டுச் சபையார்தான். கூரை அவ்வளவு ஒழுகியதால், மழை நாளில் குடை பிடித்துக்கொண்டு ஆராதனையில் உட்கார்ந்தார்களாம். 1881இல் ஆபத்தான கட்டடம் என்று பூட்டியும் விட்டார்கள். சபையார் சும்மா இருக்கவில்லை. நிதி திரட்டிப் பழுதுபார்த்து, 1884இல் மறுபடி திறந்தார்கள். பெரிய பணக்காரர்கள் எல்லாம் போய்விட்ட ஊர் அது. இன்றும் அங்கே திருவிருந்து நடக்கிறது. போகிறவர்கள் ஒரு பைனாகுலரை மறக்காமல் எடுத்துப் போங்கள். தூதர்களின் முகம் அவ்வளவு உயரத்தில் இருக்கிறது.