தாளம் தப்பும் நாடியும் அப்பத்தாவின் கணக்கும்

நூற்றுக்கு மாதம் ஒன்றேகால் வட்டி வீதம் பதினேழு மாதத்துக்கு எவ்வளவு என்று கேட்டால், காகிதத்தைத் தொடாமல் விடை சொல்லக்கூடியவர் என் அப்பத்தா. தேவகோட்டை வீட்டின் இரண்டாம்கட்டில் உட்கார்ந்தபடியே மூன்று தலைமுறை மொய்க் கணக்கை நினைவில் வைத்திருந்தவர், சென்ற ஆண்டு நகரத்தாரின் குலக்கோயில்களான ஒன்பது நகரக் கோயில்களை வரிசையாகச் சொல்லும்போது இரணியூரை விட்டுவிட்டார். வீட்டில் வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. இரண்டு பேர் மாற்றிக் குத்தும் உரலில் உலக்கையின் தாளம் தப்பினாற்போல நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று அவர் சொல்லத் தொடங்கியதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான்.

முதலில் எடுத்த இசிஜியில் ஒன்றும் தெரியவில்லை. வழக்கமான இசிஜி பத்து விநாடிகளை மட்டுமே பதிவு செய்கிறது. வந்து வந்து போகும் தாளக்கோளாறு அந்தப் பத்து விநாடிக்குள் வந்து நிற்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. மார்பில் ஒட்டி அனுப்பிய ஹோல்டர் கருவி ஒரு நாள் முழுவதும் பதிவு செய்த பிறகே, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று பெயர் கிடைத்தது. இதயத்தின் மேலறைகள் ஒழுங்காகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குவதும், இடது மேலறையின் ஓரத்தில் உள்ள சிறு பையில் இரத்தம் தேங்கி உறைவதும், அந்தக் கட்டி மூளைக்குச் சென்றால் பக்கவாதம் வருவதும் மருத்துவர்கள் வெகுகாலமாக அறிந்தவை. பக்கவாதமே வராதவர்களுக்கும் இந்தக் கோளாறால் நினைவு மங்குமா என்பதே என்னைப் படிக்கவைத்த கேள்வி.

தொடர்பு இருக்கிறது என்பதில் ஆய்வுகள் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. நெதர்லாந்தின் ராட்டர்டாம் ஆய்வு 1997இலேயே இதைச் சுட்டிக்காட்டியது. கொரியாவில் 60 வயதைக் கடந்த 2,62,611 பேரைத் தொடர்ந்து கவனித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில், இடையில் பக்கவாதம் வந்தவர்களை நீக்கிவிட்டுப் பார்த்தபோதும் மறதி நோய்க்கான அபாயம் கூடுதலாகவே இருந்தது. அதே ஆண்டு ஸ்விட்சர்லாந்தில் இந்தக் கோளாறு உள்ள 1,737 பேரின் மூளையை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தவர்கள், தமக்குப் பக்கவாதம் வந்ததையே அறியாத பலரிடம் இரத்த ஓட்டம் நின்று இறந்துபோன திசுக்களைக் கண்டார்கள். பெரிய தழும்புகள் உள்ளவர்களின் நினைவாற்றல் மதிப்பெண்ணும் குறைந்திருந்தது.

அப்படியானால் இரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரை நினைவையும் காக்க வேண்டும். ஸ்வீடனின் பதிவேடுகளில் இருந்த 4,44,106 நோயாளிகளைக் கொண்டு 2018இல் வெளிவந்த ஆய்வில், அந்த மாத்திரையைத் தொடங்கியவர்களிடம் மறதி நோய் 29 விழுக்காடு குறைவாக இருந்தது. இந்த எண்ணைக் கண்டு முதலில் மகிழ்ந்தேன், பிறகு ஐயம் வந்தது: நினைவு ஏற்கெனவே தடுமாறும் முதியவருக்கு அந்த மாத்திரையை எழுதித்தர மருத்துவர் தயங்குவார் அல்லவா? அப்படியானால் அந்தக் குறைவு மாத்திரையால்தான் வந்தது என்று சொல்ல முடியாது. கனடாவின் பிரெய்ன்-ஏஎஃப் ஆய்வு, பக்கவாத அபாயம் குறைந்த 1,235 பேரிடம் உண்மையான மாத்திரையையும் போலி மாத்திரையையும் பிரித்துக் கொடுத்துப் பார்த்தது. பலன் தெரியாததால் முன்னதாகவே நிறுத்தப்பட்டு, 2024இல் முடிவு அறிவிக்கப்பட்டது. அதில் பங்கேற்றவர்கள் 62 வயதுக்கு உட்பட்டவர்கள் என்பதால், பக்கவாத அபாயம் மிகுந்த என் அப்பத்தா மாத்திரையை நிறுத்த அது காரணமாகாது. முதுமை, இரத்த அழுத்தம், சர்க்கரை ஆகியவை இதயத்தையும் மூளையையும் ஒருசேரக் கெடுப்பதால், எது எதற்குக் காரணம் என்று பிரித்தறிவதும் எளிதன்று.

இதைவிட என்னை உறுத்துவது அளவுகோல். தாளக்கோளாறு ஒளிந்து விளையாடுகிறது: டென்மார்க்கின் லூப் ஆய்வில் தோலுக்கடியில் கருவி பொருத்தப்பட்டவர்களில் ஏறத்தாழ 32 விழுக்காட்டினரிடம் அது பிடிபட்டது, வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களிடம் 12 விழுக்காடுதான். ஆகவே ஆய்வுகளில் ‘கோளாறு இல்லாதவர்’ என்று எண்ணப்பட்டவர்களில் எத்தனை பேருக்கு உண்மையில் இல்லை? நினைவை அளப்பதும் இப்படித்தான். 2005இல் வெளியான மான்ட்ரியால் சோதனைக்கு மொத்தம் 30 மதிப்பெண். 12 ஆண்டுக்கு மேல் படிக்காதவருக்கு ஒரே ஒரு மதிப்பெண் சலுகை. ஐந்தாம் வகுப்போடு நின்ற அப்பத்தாவிடம் கனசதுரத்தைப் பார்த்து வரையச் சொன்னார்கள். மாவுக்கோலத்தில் புள்ளி பிசகாத அதே கை பென்சிலோடு திணறியது. அன்று வந்த மதிப்பெண் அவருடைய சரிவைச் சொன்னதா, பள்ளிக்கூடத்தைச் சொன்னதா என்று என்னால் பிரிக்க முடியவில்லை. எழுத்தறியாத முதியோருக்காக 1990களில் ஹரியானாவின் பல்லப்கரில் உருவாக்கிய சோதனையைப் பற்றிப் பின்னர் படித்தபோது, இந்தச் சிக்கலை நம் நாட்டவர் முன்பே எதிர்கொண்டிருக்கிறார்கள் என்று தெரிந்தது.

அதனால் நானே ஒரு பழைய மொய் நோட்டின் பின்பக்கத்தில், மாதம் ஒருமுறை, ஒரு நிமிடம் முழுவதும் மணிக்கட்டைப் பிடித்து எண்ணிய நாடித்துடிப்பையும், அது ஒழுங்காக இருந்ததா என்பதையும், ஒரு வட்டிக் கணக்கின் விடையையும், கோயில் வரிசையையும் குறித்து வருகிறேன். ஆய்வு என்று சொல்லிக்கொள்ளும் தகுதி இதற்கு இல்லை. அவரை அவரோடு மட்டுமே ஒப்பிடுகிறேன். சென்ற மாதப் பதிவு: துடிப்பு 84, ஒழுங்கில்லை, வட்டி சரி, கோயில் எட்டு. நான் நோட்டை மூடிவிட்டு வளவைக் கடந்து முகப்புக்கு வந்தபின், உள்ளிருந்து அவர் குரல் வந்தது: “சூரக்குடியையும் எழுதிக்கப்பா.”