தலைவர் மிரட்டினா அது செய்தியா?

2023 ஜனவரியில கம்போடியாவுல கம்போங் சாம் மாகாணத்துல ஒரு ரோடு விழா. பேசினவரு அப்போ பிரதமரா இருந்த ஹுன் சென், 1985ல இருந்து அந்த நாற்காலியில இருந்தவரு. ஒண்ணேமுக்கால் மணி நேரம் கிட்ட போகுது பேச்சு, அவரோட ஃபேஸ்புக் பேஜ்ல லைவா ஓடுது. நடுவுல எதிர்க்கட்சிக்காரங்க மேல பாயறாரு. அதுக்கு முந்தின வருஷம் நடந்த உள்ளாட்சித் தேர்தல்ல ஆளுங்கட்சி ஓட்டைத் திருடிடுச்சுன்னு அவங்க சொல்லியிருந்தாங்க, அதான் கோபம். கோர்ட்டா கட்டையா, எது வேணும்னு நீங்களே சொல்லுங்கன்னாரு. எங்க கட்சி ஆளுங்களைத் திரட்டிட்டு வந்து உங்களை அடிப்போம்னாரு. நடு ராத்திரியில வந்து கைது பண்ண முடியும்னாரு. நீங்க பேசுறது கருத்துச் சுதந்திரம்னா, உங்க வீட்டுக்கு ஆள் அனுப்புறது என்னோட கருத்துச் சுதந்திரம்ங்கிற அர்த்தத்துலயும் பேசினாரு. நான் படிச்சப்போ அந்த இடத்துலயே நின்னுட்டேன். கருத்துச் சுதந்திரத்தைப் பத்தி எவ்வளவோ விவாதம் படிச்சிருக்கேன், ஒரு பிரதமரே அதை இப்படி அடியாள் அனுப்புற உரிமையா மாத்திப் பேசி நான் பார்த்ததில்ல.

வீடியோவை சிலர் ரிப்போர்ட் அடிச்சாங்க. முதல்ல பார்த்த மெட்டா (ஃபேஸ்புக்கோட தாய் கம்பெனி) ஆளுங்க விதிமீறல் இல்லைன்னு விட்டுட்டாங்க. அப்புறம் விஷயம் மேல போச்சு, மேல இருக்கிறவங்க ஆமா இது வன்முறைத் தூண்டல்தான், விதிமீறல்தான்னு ஒத்துக்கிட்டாங்க, ஆனா தூக்க மாட்டோம்னுட்டாங்க. ஏன்னா இதுக்கு செய்தி மதிப்பு இருக்காம். ஒரு நாட்டுத் தலைவர் என்ன பேசுறாருன்னு மக்கள் தெரிஞ்சுக்கணும், அது பொது நலன்ங்கிற கணக்கு.

எனக்கு ரத்தம் கொதிக்கிறது இங்கதான். செய்தின்னா ஒரு பத்திரிகைக்காரர் எழுதட்டும், பிரதமர் இப்படி மிரட்டினாருன்னு போடட்டும், யாரை மிரட்டினாரு ஏன் மிரட்டினாருன்னு பக்கத்துலயே எழுதட்டும், அதைத் தூக்கச் சொல்லி யாரும் கேட்கல. மிரட்டினவரோட சொந்த பேஜ்ல, அவர் பேசின மாதிரியே, ஒண்ணே கால் கோடிக்கும் மேல ஃபாலோயர் இருக்கிற இடத்துல கிடக்குறது செய்தி கிடையாது. அது மிரட்டல், யாருக்குப் போய்ச் சேரணுமோ அவங்க கையில இருக்கிற போன்லயே போய்ச் சேர்ந்த மிரட்டல். கிட்டத்தட்ட 6 லட்சம் தடவை அந்த வீடியோவை பார்த்திருக்காங்க. (அந்த ஃபாலோயர் கூட்டத்துல எவ்வளவு பேர் உண்மையான ஆளுங்கன்னு 2016லயே சந்தேகம் வந்துச்சு, லைக்ல பெரிய பங்கு இந்தியா, பிலிப்பைன்ஸ்ல இருந்து வந்ததுன்னு புனோம் பென் போஸ்ட்ங்கிற அந்த ஊர் பத்திரிகையில எழுதினாங்க. ஆனா பயப்படுறவனுக்கு அந்தக் கணக்கெல்லாம் தேவையில்ல, அவனுக்கு அவன் ஊர்க்காரங்க பார்த்தா போதும்.)

அந்த ஊர்ல அந்தப் பேச்சை வாய்ச்சவடால்னு யாரும் ஒதுக்க முடியாதுங்கிறதையும் சொல்லணும். 2016 ஜூலைல கெம் லேன்னு ஒரு அரசியல் விமர்சகர், அரசாங்கத்தை வெளிப்படையா விமர்சிச்சு ரேடியோல பேசுறவர், அவரைத் தலைநகர்ல ஒரு பெட்ரோல் பங்க் கடையில காபி குடிச்சிட்டு இருந்தப்போ சுட்டுக் கொன்னாங்க. 63 லட்சம் டாலர் வரி கட்டுன்னு நோட்டீஸ் வந்து, 2017 செப்டம்பர்ல கம்போடியா டெய்லி பத்திரிகையே மூடிடுச்சு. ரெண்டு மாசத்துல பிரதான எதிர்க்கட்சியை சுப்ரீம் கோர்ட் கலைச்சுடுச்சு. ஃபேஸ்புக்ல போஸ்ட் போட்டதுக்காக ஜெயிலுக்குப் போன சாதாரண ஜனங்க அந்த நாட்டுல உண்டு. அதே ஃபேஸ்புக்ல, கட்டையால அடிப்பேன்னவரு பேச்சு பொது நலனுக்காக பத்திரமா இருந்துச்சு.

இந்த கேஸ் மெட்டாவோட ஓவர்சைட் போர்டுக்குப் போச்சு, அதாவது கம்பெனி முடிவு சரியா தப்பான்னு பார்க்க கம்பெனியே பணம் போட்டு அமைச்ச, ஆனா தனியா இயங்குற குழு. தீர்ப்பு வந்தது 2023 ஜூன் 29. வீடியோவைத் தூக்கு, அந்த ஃபேஸ்புக் பேஜையும் இன்ஸ்டாகிராமையும் ஆறு மாசம் நிறுத்துன்னாங்க. வீடியோவைத் தூக்குறது கட்டாயம், ஆறு மாச நிறுத்தம் வெறும் பரிந்துரை. இங்க தேதிகளை கவனிங்க. ஜனவரியில போட்ட வீடியோ, ஜூன் கடைசியில தீர்ப்பு. அந்த இடைவெளியில பிப்ரவரியில விஓடிங்கிற சுதந்திரமான ஊடகத்தோட லைசென்ஸை ஹுன் சென் பிடுங்கிட்டாரு, அவர் மகனைப் பத்தி வந்த ஒரு செய்திக்காக. மே மாசம் கேண்டில்லைட் கட்சி, மிச்சம் இருந்த ஒரே பெரிய எதிர்க்கட்சி, அதைப் பதிவு பேப்பர் சரியில்லைன்னு தேர்தல்ல நிக்க விடாம பண்ணிட்டாங்க. ஜூலை 23 தேர்தல்ல ஆளுங்கட்சிக்கு 125ல 120 சீட்டு. தீர்ப்பு கையில வந்தப்போ மிரட்ட வேண்டியவங்களை மிரட்டி முடிச்சாச்சு.

ஹுன் சென் தீர்ப்பு வந்த சமயத்துலயே நான் டெலிகிராமுக்குப் போறேன்னு சொல்லி பேஜை எடுத்துட்டாரு, அவர் அரசாங்கம் போர்டுல இருந்த 22 பேரும் கம்போடியாவுக்குள்ள வரக்கூடாதுன்னு தடை போட்டுச்சு. தேர்தலுக்கு சில நாள் முன்னாடி பேஜ் திரும்ப வந்துடுச்சு. ஆகஸ்ட் கடைசியில மெட்டா சொன்ன பதில், நிறுத்த மாட்டோம். அவங்க வாதம் என்னன்னா, தலைவர்களோட அக்கவுண்டை நிறுத்துற விதி திடீர்னு வெடிக்கிற கலவர நேரத்துக்காக எழுதினது, கம்போடியா நிலைமைக்கு அது பொருந்தாதுன்னு. யோசிச்சுப் பாருங்க, ஒருநாள் கலவரம் நடந்தா தலைவர் மேல நடவடிக்கை எடுக்கலாம், வருஷக்கணக்கா அடக்குமுறை நடந்தா எடுக்க முடியாது. அப்போ தெருவுல யாரும் வாயே திறக்காத அளவுக்கு அடக்கி வெச்சிருக்கிறவருக்கு இந்த விதியால ஒண்ணும் ஆகாது. போர்டு இதைத்தான் மாத்தச் சொன்னாங்க, மெட்டா கேட்கல.

மெட்டாவோட பயம் எனக்குப் புரியாம இல்ல. அவரை நிறுத்தினா அவர் ஃபேஸ்புக்கையே நாட்டுல நிறுத்திடுவாரு, பத்திரிகை எல்லாம் போன நாட்டுல ஜனங்களுக்கு மிச்சம் இருக்கிறதும் போயிடும். இது கற்பனை இல்ல, நைஜீரியாவுல நடந்துச்சு. 2021 ஜூன் 1ஆம் தேதி அந்த நாட்டு அதிபர் முகமது புஹாரி ஒரு ட்வீட் போட்டாரு, இன்னிக்கு வம்பு பண்றவங்களுக்கு உள்நாட்டுப் போர்ல என்ன அழிவு நடந்துச்சுன்னு தெரியாது, போர்க்களத்துல 30 மாசம் இருந்த நாங்க அவங்களுக்குப் புரியிற பாஷையில பதில் சொல்லுவோம்னு. அந்தப் போர் பியாஃப்ரா போர், 1967ல இருந்து 1970 வரைக்கும், பட்டினியிலேயே லட்சக்கணக்குல ஜனங்க செத்தாங்க, பெரும்பாலும் இக்போ மக்கள். புஹாரி அதுல சண்டை போட்ட ராணுவ அதிகாரி. அவர் வாயில இருந்து அந்தப் பேச்சு வந்தா தென்கிழக்கு நைஜீரியாவுல இருக்கிற ஒரு இக்போ அம்மாவுக்கு அது எப்படிக் கேட்கும்? ட்விட்டர் மறுநாளே அதை டிலீட் பண்ணுச்சு. ஜூன் 4ஆம் தேதி அரசாங்கம் ட்விட்டரையே நாடு முழுக்க முடக்குறோம்னு அறிவிச்சுது, தடையை மீறி பயன்படுத்துறவங்க மேல வழக்குன்னு சட்டத்துறை மிரட்டுச்சு, ஜனங்க விபிஎன் போட்டு உள்ள போனாங்க. அரசாங்கம் நம்ம பெங்களூரு ஆப்பா அப்போ இருந்த கூ-வுல அக்கவுண்ட் ஆரம்பிச்சுது. ஏழு மாசத்துக்கு மேல ஆச்சு, 2022 ஜனவரி 13லதான் தடை நீங்குச்சு. அப்புறம் மேற்கு ஆப்பிரிக்க நாடுகளோட கோர்ட் அந்தத் தடையே சட்டவிரோதம்னு தீர்ப்பு சொன்னுச்சு.

ஒரு மிரட்டலைத் தூக்கினதுக்கு ஒரு நாடே தண்டனை அனுபவிச்சுது. ஆனா இதுல இருந்து கம்பெனிகள் எடுத்துக்கிட்ட பாடம் என்னன்னா பதவியில இருக்கிறவரைத் தொடாதேங்கிறது. அதை என்னால ஏத்துக்க முடியல. தப்பு பண்ணினது ட்விட்டரை மூடின அரசாங்கம், ட்வீட்டைத் தூக்கினவங்க இல்ல. பணயக்கைதி பிடிப்பேன்னு மிரட்டுறவருக்கு பயந்து அவர் போடுற மிரட்டலை மட்டும் தனியா காப்பாத்தினா, அடுத்த தலைவரும் அதையேதான் செய்வாரு.

இலங்கையில 2022 ஏப்ரல் 3 நினைவிருக்கா, கோட்டாபயவுக்கு எதிரா ஜனங்க தெருவுக்கு வந்த நேரம், சோஷியல் மீடியாவை மொத்தமா முடக்கினாங்க, அன்னிக்கே திரும்ப விடவும் வேண்டி வந்துச்சு. அந்த ஆட்சியில மந்திரியா இருந்த நாமல் ராஜபக்சவே இந்தத் தடையில அர்த்தம் இல்லைன்னு ட்வீட் போட்டாரு. அதே இலங்கையில 2018 மார்ச்ல கண்டி பக்கம் திகனயில முஸ்லிம்களோட வீடும் கடையும் எரிஞ்சப்போ சிங்களத்துல ஓடின வெறுப்புப் பேச்சை ஃபேஸ்புக் நேரத்துக்குத் தூக்கல, ரெண்டு வருஷம் கழிச்சு மன்னிப்பு கேட்டாங்க. மியான்மர்ல ராணுவத் தளபதி மின் ஆங் ஹ்லைங்கோட அக்கவுண்டை 2018 ஆகஸ்ட்ல தூக்கினாங்க, அதுக்குள்ள ஏழு லட்சம் ரோஹிங்கியாக்கள் பங்களாதேஷுக்கு ஓடியாச்சு. நம்ம பக்கத்து நாடுகள்ல இவங்க எப்பவுமே எல்லாம் முடிஞ்ச பிறகுதான் வர்றாங்க.

அமெரிக்காவுல? ட்ரம்பை எல்லாரும் உதாரணம் சொல்றாங்க. 2020 மே மாசம், மின்னியாபொலிஸ்ல போராட்டம் நடந்தப்போ, கொள்ளை ஆரம்பிச்சா துப்பாக்கிச் சூடும் ஆரம்பிக்கும்னு போட்டாரு. ட்விட்டர் எச்சரிக்கை ஒட்டி மறைச்சுது, ஃபேஸ்புக் அதையும் பண்ணல, ஊழியர்களே வேலையை நிறுத்திட்டு எதிர்ப்பு காட்டினாங்க. நிஜமா அக்கவுண்டை தூக்கினது 2021 ஜனவரி 6 நாடாளுமன்றத் தாக்குதலுக்கு அப்புறம், அவர் பதவி முடிய ரெண்டு வாரம்கூட இல்லாதப்போ. அதாவது தேர்தல்ல தோத்து, கிளம்பப் போறாருன்னு உறுதியான பிறகு. அவர் திரும்ப ஜெயிச்சதும் என்ன ஆச்சு, அந்தத் தடைக்காக அவர் போட்ட வழக்கை முடிக்க 2025 ஜனவரியில மெட்டா இரண்டரைக் கோடி டாலர் கொடுத்துச்சு, எக்ஸும் (பழைய ட்விட்டர்) யூடியூபும் பின்னாடியே கொடுத்தாங்க. இதையெல்லாம் பார்க்கிற எந்தக் கம்பெனி வக்கீலும் பதவியில இருக்கிற தலைவர் பேஜை நிறுத்தச் சொல்ல மாட்டாரு.

இதைப் பத்தி எங்க மாமாகிட்ட பேசினப்போ அவரு ஒரே கேள்விதான் கேட்டாரு. "ஓட்டு போட்டு வந்த ஆள் வாயை மூட கலிஃபோர்னியாவுல உட்கார்ந்திருக்கிற முதலாளி யாருப்பா? இன்னிக்கு ட்ரம்ப், நாளைக்கு நம்மாளு." லேசா ஒதுக்குற கேள்வி இல்ல இது. அப்போ ஜெர்மனியோட சான்சலரா இருந்த மெர்க்கல் ட்ரம்ப் தடையை பிரச்சனைக்குரியதுன்னு அவங்க பேச்சாளர் மூலமா சொன்னாங்க, ரஷ்யாவோட எதிர்க்கட்சித் தலைவரா இருந்த நவால்னி, அடக்குமுறையை உடம்புல வாங்கின மனுஷன், அதை சென்சார்னே சொன்னாரு. நான் மாமாகிட்ட சொன்னது இதுதான்: "மாமா, முதலாளி இஷ்டத்துக்கு மூடுறது தப்புன்னா, முதலாளி இஷ்டத்துக்கு விட்டு வைக்கிறதும் அதே தப்புதானே?" கம்போடியாவுல நடந்ததும் ஒரு கம்பெனி முடிவுதான். உங்களையும் என்னையும் அதே வார்த்தைக்காக ஒரே நாள்ல தூக்குற கம்பெனி, அவருக்கு மட்டும் செய்தி மதிப்புன்னு தனி கதவு திறந்து வெச்சது. அதோட, தலைவர்கிட்ட டிவி இருக்கு, ரேடியோ இருக்கு, மைக் இருக்கு, ஃபேஸ்புக் போனா அவர் ஊமை ஆகுறதில்ல. கேண்டில்லைட் கட்சித் தொண்டனுக்கு அந்த போன் ஸ்க்ரீனை விட்டா வேற இடமே இல்ல. மாமா ஒத்துக்கல, அது அவரோட உரிமை, இன்னும் பேசிட்டுதான் இருக்கோம்.

நான் எதிர்பார்க்கிறது பெரிய புரட்சி ஒண்ணும் இல்ல. தலைவர் பொய் சொன்னா, கேவலமா பேசினா, முட்டாள்தனமா உளறினா அது கிடக்கட்டும், அது நிஜமாவே ஜனங்க தெரிஞ்சுக்க வேண்டியது, ஓட்டு போடும்போது உதவும். ஆனா இன்னாரை அடிப்பேன், வீட்டுக்கு ஆள் வரும்னு சொன்னா செய்தி மதிப்புங்கிற பேச்சே எடுக்கக்கூடாது, அதுவும் போலீஸும் ராணுவமும் கையில இருக்கிறவருக்கு விதி கூடுதல் கடுமையா இருக்கணும், ஏன்னா அவர் சொல்றது கீழ இருக்கிறவன் காதுல உத்தரவாத்தான் விழும். முடிவு மாசக்கணக்குல இழுக்காம நாள்கணக்குல வரணும். அதைப் பார்க்கிறவங்க கம்போடியாவோட கெமர் மொழியும் அந்த ஊர் அரசியலும் தெரிஞ்சவங்களா இருக்கணும், அதே மாதிரி இக்போவும் ஹவுசாவும் சிங்களமும் தமிழும் தெரிஞ்சவங்க. எந்த அரசாங்கம் எந்த பேஜுக்காக கம்பெனிகிட்ட பேசினாங்க, என்ன கேட்டாங்க, என்ன மிரட்டினாங்கன்னு எல்லாத்தையும் வெளியில போடணும். ஓவர்சைட் போர்டு ஒரு தலைவரை நிறுத்தச் சொன்னா அது பரிந்துரையா இல்லாம கட்டாயமா இருக்கணும். 2023 ஜூன்லயே அப்படி இருந்திருந்தா அந்த பேஜ் ஜூலைத் தேர்தல் முடிஞ்சு டிசம்பர் கடைசி வரைக்கும் மூடியே இருந்திருக்கும்.