ஒரு வரிக் காரணம்

2024 மார்ச் மாதக் கடைசி வாரம். அரிசோனாவில் எங்கள் பேஸ்பால் அணியின் பயிற்சி முகாமில் ஒரு கேள்விக்கு மட்டும் இன்னும் விடை கிடைத்திருக்கவில்லை: தொடக்க பிட்சர்கள் வரிசையில் ஐந்தாவது ஆள் யார்? பந்துத் தரவுகளை ஆராயும் வேலையில் நான் அங்கே சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அந்த முடிவுக்கான அறிக்கையைத் தயாரித்தவர்களில் நானும் ஒருவன். அறிக்கை சரியாகவே இருந்தது. முடிவு எடுத்த பிறகு நான் எழுதிக் கொடுத்த ஒரு வரிதான் இன்றும் என்னை உறுத்துகிறது.

பேஸ்பால் பார்த்துப் பழகாதவர்களுக்குச் சிறிது விளக்க வேண்டும். பிட்சர், 60 அடி 6 அங்குலத் தூரத்தில் ஒரு மேட்டில் நின்று மட்டையாளரை நோக்கிப் பந்தை எறிபவர். நம் வேகப்பந்து வீச்சாளர் ஒருநாள் கிரிக்கெட்டில் பத்து ஓவர், அதாவது அறுபது பந்து போட்டால் அன்றைய கடமை முடிந்தது. தொடக்க பிட்சரோ ஒரே ஆட்டத்தில் தொண்ணூறு, நூறு பந்துகள் எறிவார். அப்படி எறிந்த கை தேற நான்கைந்து நாட்கள் வேண்டும். ஆட்டமோ ஏறக்குறைய தினமும் உண்டு; பருவத்துக்கு 162. அதனால் ஐந்து பேரை வைத்து முறை போட்டு இறக்குகிறார்கள். முதல் சில இடங்களுக்குப் பெரும்பாலும் போட்டி இருக்காது. அனுபவசாலிகள் அங்கே அமர்ந்துவிடுவார்கள். இளைஞர்கள் மோதிக்கொள்வது கடைசி இடத்துக்காகத்தான்.

அந்த ஆண்டு எங்களிடம் இருவர் இருந்தார்கள். பெயர்கள் வேண்டாம். ஒருவன் டெக்சாஸைச் சேர்ந்த வலக்கைக்காரன், வயது 23. மணிக்கு 97 மைல், நம் கணக்கில் 156 கிலோமீட்டர் வேகத்தில் எறிவான். அதோடு ஒரு ஸ்லைடர். வேகப்பந்துபோலவே கிளம்பி, வலக்கை மட்டையாளரிடமிருந்து கடைசி நொடியில் விலகிச் சரியும் பந்து அது. அதைப் பின்னாலிருந்து பார்க்கும்போது எனக்கு ஒவ்வொரு முறையும் மூச்சு ஒரு கணம் நிற்கும். மற்றவன் டொமினிக்கன் குடியரசிலிருந்து வந்த இடக்கைக்காரன், வயது 25. வேகம் 92 மைல்தான். ஆனால் அவனுடைய சேஞ்ச்-அப், வேகப்பந்துக்குரிய அதே கையசைவோடு கிளம்பி, பத்து மைல் குறைவாக வந்து சேரும். மட்டையாளர்கள் பந்து வருவதற்கு முன்பே சுற்றி முடித்திருப்பார்கள்.

இருவரையும் ஆறு வாரம் அளந்தோம். எல்.பி.டபிள்யூ. முடிவுகளில் நாம் பார்த்துப் பழகிய அதே ஹாக்-ஐ கேமராக்கள்தான் 2020 முதல் மேஜர் லீக் எனப்படும் உச்சநிலைப் பேஸ்பால் மைதானங்களிலும் பந்தைப் பின்தொடர்கின்றன. எறியும்போது கை இருக்கும் உயரம், பந்தின் சுழற்சி, எத்தனை அங்குலம் வளைகிறது என்பது வரை எல்லாம் எண்ணாகிவிடும். ஆனால் மார்ச் மாத எண்களை அப்படியே நம்ப முடியாது. பீனிக்ஸ் சுற்றுவட்டாரத்தின் வறண்ட, மெல்லிய காற்றில் வளையும் பந்துகள் குறைவாகவே வளையும். எதிரே நிற்பவர் நட்சத்திர மட்டையாளரா, அடுத்த வாரம் கீழ்நிலையான மைனர் லீக்குக்குத் திரும்பப்போகும் பையனா என்பதையும் பார்க்க வேண்டும். பார்வையாளர்கள் இல்லாத பின்புற மைதானத்தில் காலை பத்து மணிக்கு நடக்கும் ஆட்டங்களில், பந்து எண்ணிக்கை மிகுந்துவிட்டால் மூன்று பேர் ஆட்டமிழக்கும் முன்பே பயிற்சியாளர் கையைத் தூக்கி இன்னிங்ஸை முடித்துவிடுவார். இவ்வளவையும் கழித்துக் கூட்டிப் பார்த்தபோது என் கணக்கில் டெக்சாஸ் இளைஞன் ஒரு நூலிழை முன்னால் இருந்தான். அந்த நூலிழை அளவையின் பிழைக்குள் அடங்கிவிடும் என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தேன்.

கூட்டத்தில் ஏழு பேர் இருந்தோம். இளம் கை, எத்தனை இன்னிங்ஸ் என்ற பேச்சு வந்துவிட்டால் ஸ்டீபன் ஸ்ட்ராஸ்பர்க் பெயர் வராமல் இருக்காது. முழங்கை அறுவைச் சிகிச்சைக்குப் பின் திரும்பிவந்த அவரை, 2012-இல் வாஷிங்டன் நேஷனல்ஸ் அணி 159 இன்னிங்ஸ் சொச்சத்தோடு செப்டம்பரில் நிறுத்திவிட்டது. அணி முதலிடத்தில் இருந்த நேரம். அக்டோபரில் அவர் இல்லாமலே ஆடி, செயின்ட் லூயிஸிடம் தோற்றார்கள். ஆனால் 2019-இல் அதே ஸ்ட்ராஸ்பர்க், மேஜர் லீக்கின் இறுதிப் போட்டியான உலகத் தொடரின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். அதன்பின் 24.5 கோடி டாலருக்கு ஏழு ஆண்டு ஒப்பந்தம் பெற்று, உடல் ஒத்துழைக்காமல் எட்டே ஆட்டங்கள் ஆடினார். கையைக் காப்பாற்ற வேண்டும் என்பவருக்கும் அவர்தான் சான்று. காப்பாற்றியும் என்ன பயன் என்பவருக்கும் அவரேதான் சான்று. அன்றும் அரை மணி நேரம் அப்படித்தான் போனது.

முடிவு அதில் பிறக்கவில்லை. ஒரு காகித விதியில் பிறந்தது. ஒரு வீரரை மேஜர் லீக்குக்கும் மைனர் லீக்குக்கும் இடையே அணி தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளும் உரிமைக்கு ஆப்ஷன் என்று பெயர். பொதுவாக மூன்று பருவங்களுக்கு அது உண்டு. தீர்ந்தபின் அவரைக் கீழே அனுப்ப வேண்டுமானால் மற்ற 29 அணிகளுக்கும் அறிவிக்க வேண்டும். யார் கேட்டாலும் அவர் அந்த அணிக்குப் போய்விடுவார். இடக்கைக்காரனுக்கு ஆப்ஷன் தீர்ந்திருந்தது. டெக்சாஸ் இளைஞனுக்கு இரண்டு மீதம் இருந்தன. ஒருவனை அனுப்பினால் இழந்துவிடுவோம், மற்றவனை அனுப்பினால் எப்போது வேண்டுமானாலும் அழைத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய சமமான இருவரில் யாரை வைத்துக்கொள்வது என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் இருக்க முடியாது. அந்த முடிவு சரி என்றே இன்றும் நினைக்கிறேன்.

கூட்டம் கலைந்ததும் பிட்சிங் பயிற்சியாளர் என்னைத் தனியே அழைத்தார். முழங்கையின் உட்புறத்தில் நீண்ட தழும்பு உள்ளவர் அவர். 1974-இல் ஃபிராங்க் ஜோப் என்ற மருத்துவர் டாமி ஜான் என்ற பிட்சரின் கிழிந்த தசைநாருக்குப் பதிலாக மறுகையிலிருந்து ஒரு நாணை எடுத்து வைத்துத் தைத்தாரே, அதே அறுவைச் சிகிச்சையின் தழும்பு. டாமி ஜான் அதன் பிறகு 1989 வரை எறிந்து 164 வெற்றிகள் பெற்றார். எங்கள் பயிற்சியாளருக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. நல்ல மனிதர். "பையனை வெறுங்கையோடு அனுப்பக் கூடாது. போய் வேலை செய்ய ஏதாவது ஒன்று கொடுக்க வேண்டும். உன் அறிக்கையிலிருந்து ஒரு வரி எழுதிக் கொடு" என்றார்.

நான் எழுதினேன்: "மட்டையாளர்கள் மூன்றாம் முறை வரும்போது சமாளிக்க மூன்றாவது பந்து தேவை. சேஞ்ச்-அப்பை அதிகம் பயன்படுத்தவும்."

அதில் பொய் இல்லை. ஒரே ஆட்டத்தில் ஒரே பிட்சரை மூன்றாம் முறை சந்திக்கும்போது மட்டையாளர்கள் நன்றாக அடிக்கிறார்கள் என்பது இத்துறையில் எல்லோரும் அறிந்தது. இரண்டே வகைப் பந்துகள் உள்ளவனுக்கு அந்த நேரம் கடினம். ஆனால் அவன் அனுப்பப்பட்டது அதனால் அல்ல. உண்மையான காரணம் இருந்த இடத்தில் உண்மைபோன்ற இன்னொன்றை வைத்தேன். அறையை விட்டு வெளியே வந்தபோது அவன் முகத்தில் வருத்தத்தைவிட ஒரு தீர்மானம்தான் தெரிந்தது. என்னைப் பார்த்து, "மூன்றாவது பந்து. புரிந்துவிட்டது" என்றான். அந்த நொடியில்கூட நான் வாய் திறக்கவில்லை.

ஏப்ரல் முதல் வாரம் எங்கள் தொழிலில் உள்ள எல்லோரையும் கலக்கியது. மயாமியின் யூரி பெரெஸ், கிளீவ்லாந்தின் ஷேன் பீபர், முந்தைய பருவத்தில் 281 முறை மட்டையாளர்களை ஸ்டிரைக்-அவுட் செய்த, அதாவது பந்தை ஆடவிடாமலே வெளியேற்றிய அட்லாண்டாவின் ஸ்பென்சர் ஸ்டிரைடர் என மூவரின் முழங்கைச் செய்தியும் ஒரே வாரத்தில் வந்தது. பெரெஸுக்கு அப்போது இருபது வயதுதான். மேஜர் லீக் நிர்வாகம் அந்த டிசம்பரில் வெளியிட்ட ஆய்வறிக்கை, மேலும் மேலும் வேகம், மேலும் மேலும் வளைவு, ஒவ்வொரு பந்திலும் முழு விசை என்ற துரத்தலையே முதன்மையாகக் குறிப்பிட்டது. அந்தத் துரத்தலுக்கு எண் கொடுப்பவர்கள் என்னைப் போன்றவர்கள்தான். அந்த வாரம் முழுக்க எங்கள் பிட்சர்களின் கை உயரத்தையும் வேகத்தையும் நாளுக்கு இரண்டு முறை சரிபார்த்தேன். ஆனால் என் கவனமெல்லாம் மேலே ஆடியவர்கள் மீதுதான்.

அவன் அனுப்பப்பட்ட டிரிபிள்-ஏ, அதாவது மைனர் லீக்கின் மேல்மட்ட மைதானங்களிலும் அதே கேமராக்கள் உண்டு. அவனுடைய ஆட்டத் தரவுகளும் ஒவ்வோர் ஐந்தாம் நாளும் வந்துகொண்டிருந்தன. மே மாதத் தொடக்கத்தில்தான் அவற்றை நிதானமாகத் திறந்தேன். சேஞ்ச்-அப்பை முன்பைவிடப் பல மடங்கு எறிந்திருந்தான். ஸ்லைடர் தட்டையாகியிருந்தது. விலகல் குறைந்து, மட்டைக்கு வாகாக நடுவே மிதந்து வந்தது.

ஏன் என்பது பிறகு புரிந்தது. ஸ்லைடர் எறியும் வலது முன்கை, பூட்டில் சாவியை வலப்பக்கம் திருப்புவதுபோலத் திரும்ப விழையும். சேஞ்ச்-அப்புக்கு அதே முன்கை எதிர்த்திசையில் திரும்ப வேண்டும். சிலருக்கு இரண்டும் வரும். பலருக்கு ஒன்றுதான் இயல்பு. இவன் முதல் வகைத் திருப்பத்தில் பிறந்தவன். அப்படிப்பட்ட கைக்கு, பந்தை இரு விரல்களுக்கு நடுவே பிளந்து பிடிக்கும் ஸ்பிளிட்டர் எளிதாக வரும். கையைத் திருப்ப வேண்டிய கட்டாயம் அதில் இல்லை. அதே மே மாதம் பிட்ஸ்பர்க் அணிக்கு ஆட வந்த பால் ஸ்கீன்ஸ், ஸ்பிளிட்டரும், கீழே இறங்கும் வேகப்பந்தான சிங்கரும் கலந்த ஒரு பந்தைக் கொண்டு மட்டையாளர்களைத் திணறடித்ததை நாடே பார்த்தது. "மூன்றாவது பந்து" என்று எழுதிய நான், எந்தக் கைக்கு எந்தப் பந்து என்று ஒரு மணி நேரம் யோசித்திருக்க வேண்டும். அது ஒரு சமாதான வரி என்பதால் யோசிக்கவில்லை.

மே நடுவில் எங்கள் மூன்றாம் பிட்சருக்குத் தோளில் வலி வந்து, அவனை அழைத்தார்கள். முதல் ஆட்டத்தில் மூன்றாம் இன்னிங்ஸிலேயே ஐந்து ஓட்டங்கள் போயின. இன்னிங்ஸ் முடிந்து அவன் நடந்து வரும்போது, பிசின் எதுவும் தடவியிருக்கிறானா என்று நடுவர் வழக்கம்போல் சோதித்தார். 2021 முதல் எல்லாப் பிட்சர்களுக்கும் நடக்கும் சோதனைதான். கையுறையைப் பார்த்தார், தொப்பியை வாங்கித் திருப்பினார். கேமரா நெருங்கிக் காட்டியது. தொப்பியின் உள்விளிம்பில், கறுப்பு மையில், அவன் கையெழுத்தில் இரண்டே சொற்கள்: மூன்றாவது பந்து.

பல பிட்சர்கள் தொப்பிக்குள் எதையாவது எழுதுவார்கள். இறந்துபோன நண்பனின் பெயர், குழந்தையின் பெயர், வேத வசனம். இவன் என் வரியை எழுதியிருந்தான்.

மறுநாள் மதியம், மைதானத்தில் ஆள் வருவதற்கு முன், அவனைத் தேடிப் போனேன். பயிற்சியாளரிடம் முன்பே சொல்லியிருந்தேன். "சொல்லிவிடு" என்றுமட்டும் சொன்னார். ஆப்ஷன் கணக்கு, கூட்டத்தில் நடந்தது, அந்த வரி எழுதப்பட்ட விதம் என எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கேட்டான்.

"அப்படியானால் மார்ச்சில் நான் தயாராகத்தான் இருந்தேனா?"

"இருந்தாய்."

"அதை அன்றைக்கே சொல்லியிருந்தால் கோபம் வந்திருக்கும். ஆனால் என் ஸ்லைடரை நான் தொட்டிருக்க மாட்டேன்."

எனக்குப் பதில் வரவில்லை. சற்று நேரம் கழித்து, மார்ச் மாதத்து ஸ்லைடர்களைக் காட்டச் சொன்னான். மடிக்கணினியில் ஒன்றன்பின் ஒன்றாகப் பன்னிரண்டு பந்துகளைப் பார்த்தோம். ஏழாவதைத் திரும்ப ஓட்டச் சொன்னான். பக்கத்துக் கூடையிலிருந்து ஒரு பந்தை எடுத்து, கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல், விரல்களால் தையலைத் தடவித் தேடிக்கொண்டிருந்தான்.

ஜூலையில் அந்தப் பந்து பெரும்பாலும் திரும்பி வந்தது. முழுமையாக வந்ததா என்பதில் எனக்கும் அவனுக்கும் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. இடக்கைக்காரன் நன்றாகவே எறிந்தான், ஆகஸ்டில் முதுகுப் பிடிப்பால் மூன்று வாரம் உட்கார்ந்தான். பருவம் முடியும்போது எங்களுக்காகத் தொடக்க பிட்சராக இறங்கியவர்கள் பதினொரு பேர். மார்ச்சில் ஐந்தாவது ஆள் யார் என்று அவ்வளவு நேரம் பேசியிருந்தோம்.

அடுத்த ஆண்டு முகாமில் வேறு இரு இளைஞர்கள், அதே கடைசி இடம். கூட்டம் முடிந்ததும் பயிற்சியாளர் என் மேசைக்கு வந்து நின்றார். நான் எழுதிக் கொடுத்த தாளில் இப்படி இருந்தது: "உனக்கு ஆப்ஷன் இருக்கிறது, அவனுக்கு இல்லை. அனுப்பப்படுவதற்குக் காரணம் இதுதான். உன் எறிதலில் மாற்ற வேண்டியது எதுவும் இப்போது இல்லை."

அவர் அதை நின்றபடியே இரண்டு முறை படித்தார். தழும்பு உள்ள கையால் நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, அந்தப் பையன் காத்திருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினார்.