இரண்டு அமாவாசைக்கு நடுவே

ஆகஸ்ட் 4, 2024, ஞாயிறு. சிங்கப்பூர், தோ பாயோ

ஆடி அமாவாசை. அப்பா போனபின் வரும் இரண்டாவது ஆடி அமாவாசை.

காலை ஏழு மணிக்கே தேக்கா சந்தைக்குப் போய் வாழையிலை, வாழைக்காய், அவரைக்காய், பூசணிக்கீற்று எல்லாம் வாங்கி வந்தேன். மாட்டுக்குக் கொடுக்க அகத்திக்கீரையும் கேட்டிருந்தாள் அம்மா. சந்தையை ஒட்டி ஓடும் தெருவுக்குப் பெயர் பஃபலோ ரோடு. பக்கத்திலேயே கெர்பாவ் ரோடு. மலாயில் கெர்பாவ் என்றாலும் எருமைதான். ஒரு காலத்தில் மாட்டு வியாபாரம் நடந்த இடம். இன்று இரண்டு தெருவுக்கும் எருமைப் பெயர் இருக்கிறது, கீரை கொடுக்கத்தான் ஒரு மாடு இல்லை.

மாடு போனால் போகட்டும், காக்கா இருக்கிறதே என்றாள் அம்மா. படையல் முடிந்ததும் எள்ளும் நெய்யும் விட்ட சோற்று உருண்டையோடு வாசலுக்கு வந்தாள். பதினோராம் மாடியின் பொது நடைபாதை. கைப்பிடிச் சுவரில் இலைத்துண்டைப் போட்டு, "கா... கா..." என்று கூப்பிட்டதும் எதிர்வீட்டுக் கதவு திறந்தது.

எதிர்வீட்டு ஆன்ட்டிக்கு எழுபது வயதிருக்கும். சீனர். பேசுவது ஹொக்கியன் என்ற சீன மொழி, மலாய், கொஞ்சம் ஆங்கிலம். "கேனாட், கேனாட்! ஃபைன்!" என்று கையை வீசினார். அவர் சொன்னது சரிதான். 2020 ஜூனிலிருந்து இங்கே காட்டுயிர்களுக்குத் தீனி போடுவது குற்றம், காக்காயும் புறாவும் அதில் சேர்த்தி. முதல் தடவைக்கே 5,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர், வரை அபராதம் விதிக்கலாம். ரூபாய் கணக்கில் சொன்னால்தான் அம்மாவுக்குப் புரியும் என்று மூன்று லட்சத்துக்கு மேல் என்றேன்.

"ஒரு கவளத்துக்கா?"

"ஆமாம்மா."

உருண்டையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். ஆனால் சாப்பிடவில்லை. காக்கா எடுக்காமல் எப்படிச் சாப்பிடுவது? ஒரு மணி, இரண்டு மணி. "அத்தை, சுகர் மாத்திரை போட்டிருக்கீங்க" என்று என் மனைவி இரண்டு முறை சொல்லிப் பார்த்தாள். மகள் பசி தாங்காமல் ஒரு வடையைக் கிள்ளிக்கொண்டு ஓடிவிட்டாள். அது கணக்கில் வராதாம்.

மூன்று மணிக்குச் சமையலறை ஜன்னலில் நின்றிருந்த அம்மா, "தம்பி, இங்க வா" என்றாள். கீழே புல்தரையோரம் எதிர்வீட்டு ஆன்ட்டி குந்தியிருந்தார். இன்றுதான் சீனர்களின் ஏழாம் மாதப் பிறப்பு. பாதாள வாசல் திறந்து பசித்த ஆவிகள் ஒரு மாதம் ஊருக்குள் உலவும் காலம். மெழுகுவத்தி, ஊதுவத்தி, சின்னக் கோப்பைகளில் தேநீர், ஆரஞ்சு, வேர்க்கடலை, தலை வெடித்த இளஞ்சிவப்புப் பலகாரம் ஹுவாட் குவே, ஒரு கிண்ணம் சோறு. ஆவிகளுக்கென்று அச்சடித்த காகிதப் பேய்ப்பணத்தை நகர மன்றம் வைத்திருக்கும் இரும்புத் தொட்டியில் போட்டு எரித்துவிட்டு ஆன்ட்டி மேலே வந்தார். அவர் நகர்ந்த மறுநிமிடம் ஒரு காக்கா இறங்கியது. சோற்றைக் கொத்தியது, குவேயையும் கொத்தியது.

அப்பா வெளியில் ஒரு வாய் தண்ணீர் குடிக்கமாட்டார். கல்யாண வீட்டிலும் மோரோடு நிறுத்திக்கொள்வார். மாயவரத்திலிருந்து திருச்சிக்குப் போனாலும் தூக்குச்சட்டியில் தயிர்சாதம்.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். "இங்க வந்து நல்லா பழகிட்டார்" என்று சொல்லிவிட்டு இலை போட உட்கார்ந்தாள்.

ஆகஸ்ட் 6, செவ்வாய்

வீட்டு ஒப்பந்தம் 31ஆம் தேதியோடு முடிகிறது. அங் மோ கியோவில் ஒரு வீடு அமைந்திருக்கிறது, மூன்றறை வீவக (அரசின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு. அமைந்ததே பெரிய கதை. குடியுரிமை இல்லாதவர்களில் மலேசியர் தவிர மற்றவர்கள் முழு வீட்டை வாடகைக்கு எடுப்பதற்குக் கோட்டா உண்டு: வட்டாரத்துக்கு 8 விழுக்காடு, புளோக்குக்கு 11 விழுக்காடு. அது நிரம்பிவிட்டால் எவ்வளவு வாடகை தர நீங்கள் தயாராக இருந்தாலும் வீடு கிடையாது. கோட்டா இருக்கும் வீடுகளில் அடுத்த கேள்வி, "லைட் குக்கிங்கா, ஹெவி குக்கிங்கா?" இதற்கு என்ன அர்த்தம் என்பது கேட்பவருக்கும் தெரியும், நமக்கும் தெரியும். தாளிப்பது லைட்டா ஹெவியா என்று சத்தியமாக எனக்குத் தெரியாது. லைட் என்று சொல்லிவைத்தேன்.

இன்று அம்மாவிடம் சொன்னால், "ஆடியிலயா? யாராவது ஆடியில குடிபோவாங்களா?" என்கிறாள். ஆவணி பிறக்கட்டும் என்கிறாள். 17ஆம் தேதி ஆவணி பிறக்கிறது. கையில் அப்போதும் இரண்டு வாரம் இருக்கும் என்பதால் நான் வாதாடவில்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

தேசிய நாளும் ஆடி வெள்ளியும் ஒரே நாளில். நடைபாதை முழுக்கச் சிவப்பு வெள்ளைக் கொடி. அம்மா மாவிளக்கு ஏற்றிய நேரத்தில் பாடாங் திடல் அணிவகுப்புக்குப் போகும் போர் விமானங்கள் தலைக்கு மேலே போக, ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. விளக்கைக் கையால் பொத்திக்கொண்டாள்.

பாரிஸ் ஒலிம்பிக்கில் சிங்கப்பூரின் மேக்ஸ் மேடருக்கு வெண்கலம், காற்றாடி கட்டிக் கடலில் பறக்கும் பந்தயத்தில். பதினேழு வயதுப் பையன். புளோக்கே கைதட்டியது. ஆன்ட்டி வீட்டிலிருந்து ஒரு டப்பா குவே வந்தது. அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு, "முட்டை இருக்குமோ?" என்று என்னிடமே தள்ளிவிட்டாள். எனக்கும் தெரியாது, நான் சாப்பிட்டேன்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

காக்கா விஷயம் மண்டைக்குள்ளேயே இருந்தது. நூலகத்தில் ஒரு பறவைப் புத்தகத்தைப் புரட்டினேன். இந்த ஊர் வீட்டுக் காக்கா இந்த மண்ணின் பறவையே இல்லை. 1890களில் மலாயாவின் கிள்ளான் பக்கம் காப்பித் தோட்டங்களைக் கம்பளிப்புழு நாசம் செய்தபோது, புழுவைத் தின்ன இலங்கையிலிருந்து கப்பலில் கொண்டுவந்து விட்டிருக்கிறார்கள். தோட்ட வேலைக்கு நம் ஆட்களை ஏற்றிவந்த அதே காலம். காப்பி ஒழிந்து ரப்பர் வந்தது, காக்கா மட்டும் ஊர் திரும்பவில்லை. பெருகிப் பெருகி சிங்கப்பூருக்கும் வந்துவிட்டது. ஒரு காலத்தில் துப்பாக்கிச் சங்கத்துக்காரர்களை வைத்துச் சுட்டிருக்கிறார்கள். போன வருடம் பீஷானில் வழியில் போகிறவர்களின் தலையைக் கொத்தி, பொறிவைத்துப் பிடிக்கும் அளவுக்குப் போனது.

காக்கா பெருகியதும் அதன் கூட்டில் முட்டையிடும் குயிலும் பெருகியது. விடியற்காலை ஐந்து மணிக்குக் குயில் கூவுகிறது, தூங்க முடியவில்லை என்று இங்கே அரசாங்கத்துக்குப் புகார் எழுதுகிறார்கள். நம் ஊரில் குயிலுக்குப் பாட்டு எழுதுவோம்.

அம்மாவிடம் கப்பல் கதையைச் சொன்னேன். "அப்ப நம்மூர்க் காக்காதான்" என்றாள். அதற்கப்புறம் கதை காதில் ஏறவில்லை.

ஆகஸ்ட் 17, சனி

ஆவணி 1. அம்மா பஞ்சாங்கத்தில் நாள் பார்த்து வைத்திருந்தாள். வீட்டு முகவருக்குப் போன் செய்தேன், சிரிக்கிறார். மலாய்க்காரத் தம்பி, முப்பது வயது இருக்கும். புது வீட்டுக்கார ஆன்ட்டி செப்டம்பர் 2 வரை சாவி தரமாட்டாராம். ஏழாம் மாதத்தில் குடிபோகக் கூடாது, கடை திறக்கக் கூடாது, கல்யாணம் கூடாது. இரவில் துணி காயப்போடுவதும் விசிலடிப்பதும்கூட ஆகாது. காலி வீட்டில் வேறு யாராவது முன்னாலேயே வந்து தங்கியிருந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டாராம். என்னிடம் பதிலில்லை.

"பிரதர், ஆடியும் ஏழாம் மாசமும் சேர்ந்து வந்தா எனக்குக் கமிஷனே கிடையாது" என்றார் தம்பி.

வீட்டுக்கார ஆன்ட்டி மறுத்துவிட்டார் என்று அம்மாவிடம் சொல்லும்போது கொஞ்சம் சண்டையை எதிர்பார்த்தேன். "அவங்க சாஸ்திரம் அவங்களுக்கு. மீறி வாங்கினா விளங்குமா?" என்றாள். இப்போது இரண்டு பெரியவர்களும் ஒரு கட்சி, 31ஆம் தேதி மட்டும் என் கட்சி. இப்போதைய வீட்டுக்காரரிடம் சில நாள் நீட்டிப்பு கேட்டேன். நாள் கணக்கில் வாடகை என்றார். போகட்டும், ஆவிகளுக்கான செலவு.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஏழாம் மாதம் பதினைந்து. பக்கத்துத் திடலில் கூடாரம் போட்டு கெத்தாய். ஆவிகள் பார்ப்பதற்கென்று நடத்தும் மேடைக் கச்சேரி இது, மனிதர்கள் பார்த்தால் தடையில்லை. எல்இடி விளக்கில் மேடை கண்ணைப் பறிக்க, ஜிகினா உடையில் ஒரு பெண் ஹொக்கியன் பாட்டைப் பாடிக்கொண்டே அடுத்த பாட்டுக்குள் தாவிக்கொண்டிருந்தார். கோயில் திருவிழா லைட் மியூசிக்கை விட்டு ஒரு வருடமாகப் பிரிந்திருக்கும் அம்மாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு.

நான் கோப்பி வாங்கப் போனேன். இங்கே கோப்பிக் கொட்டையைச் சர்க்கரையும் மார்ஜரினும் சேர்த்து வறுப்பார்கள். அம்மா அதைக் கஷாயம் என்பாள், ஆனால் தினமும் கேட்பாள். இரண்டு பொட்டலத்தை நூலில் தொங்கவிட்டுத் திரும்பினால் அம்மா முன்வரிசையில் நடுநாயகமாக உட்கார்ந்திருக்கிறாள். வரிசையில் வேறு யாரும் இல்லை. கூட்டமெல்லாம் பின்னால் நெருக்கியடித்து நிற்கிறது.

முட்டிவலிக்காரி. காலி நாற்காலியைப் பார்த்தால் உட்காராமல் என்ன செய்வாள்? நான் ஓடுவதற்குள் ஒரு பெரியவர் வந்து, ஒரு வார்த்தை பேசாமல், இரண்டு கையாலும் அம்மாவின் கையைப் பிடித்து எழுப்பி, இரண்டாம் வரிசையில் தன் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு நின்றுகொண்டார். முன்வரிசை ஆவிகளுடையது என்று அம்மாவின் காதில் சொன்னேன். வெலவெலத்துப் போவாள் என்று நினைத்தேன். திரும்பி அந்தக் காலி நாற்காலிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

"பாட்டு மட்டுந்தானா? திங்க ஒண்ணும் குடுக்கமாட்டாங்களா?"

மேடைக்குப் பக்கத்துப் பந்தலில் அடுக்கியிருந்த அரிசி மூட்டைகளையும் சுட்ட பன்றியையும் காட்டினேன். பன்றியைப் பார்த்தவுடன் கேள்வி நின்றுவிட்டது. 10.30க்குச் சத்தத்தை நிறுத்திவிட்டார்கள், அதுதான் இந்த ஊர். எங்களூரில் அப்போதுதான் நாதஸ்வரக்காரர் சாப்பிட்டு முடித்திருப்பார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

பெட்டி கட்டுகிறோம். வெண்கலப்பானையை யார் ஊரிலிருந்து கொண்டுவரச் சொன்னது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

செப்டம்பர் 2, திங்கள்

மறுபடி அமாவாசை. ஏழாம் மாதத்தின் கடைசி நாளும் இதுதான், இரவோடு வாசல் மூடிவிடும். அரைநாள் விடுப்பு. பாத்திரமெல்லாம் பெட்டிக்குள் போய்விட்டதால் படையலுக்கு வெறும் சோறும் பருப்பும் வாழைக்காய்ப் பொரியலும்.

சாயங்காலம் அம்மா இலைத்துண்டில் உருண்டையோடு மின்தூக்கிப் பக்கம் போனாள். கேட்டால் பதிலில்லை. பின்னாலேயே போனேன். கீழே எதிர்வீட்டு ஆன்ட்டி புல்லில் மெழுகுவத்தி நட்டுக்கொண்டிருந்தார். அம்மா எதிரில் நின்று இலையைக் காட்டினாள். ஆன்ட்டி இலையைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்து "யுவர் ஃபாதர்?" என்றார். தலையாட்டினேன். தன் ஆரஞ்சுத் தட்டை ஒரு ஜாண் நகர்த்தினார்.

சட்டப்படி இது தீனியா படையலா என்று யோசிப்பதை நான் அங்கேயே விட்டுவிட்டேன். ஆன்ட்டி மூன்று ஊதுவத்தியை நீட்டினார். அம்மா வாங்கவில்லை; மடியிலிருந்து சூடத்தை எடுத்தாள். காற்றில் நான்கு தடவை அணைந்தது. ஐந்தாவது தடவை ஆன்ட்டி தகர டப்பாவால் மறைத்துப் பிடித்தார். கோப்பை எங்கே, தேநீர் இல்லாமலா என்று சைகையில் கடிந்துகொண்டு தன்னுடையதிலிருந்து ஒரு கோப்பையை இலையருகில் வைத்தார்.

"சீனி போடலை போலிருக்கே. உங்கப்பா குடிக்கமாட்டாரே" என்று மின்தூக்கியில் அம்மா கவலைப்பட்டாள்.

காக்கா வந்ததா என்று பார்க்கவில்லை. இருட்டிவிட்டது.

செப்டம்பர் 4, புதன். அங் மோ கியோ

நேற்றே சாவி தயார், ஆனால் நேற்று செவ்வாய்க்கிழமை. வேறு விளக்கம் தேவையில்லை. இன்னொரு நாள் வாடகை.

காலை ஆறரைக்கு வீட்டுக்கார ஆன்ட்டி முழு அன்னாசிப்பழத்தோடு வாசலில் நின்றார், சிவப்பு ரிப்பன் கட்டிய பழம். ஹொக்கியனில் அன்னாசி 'ஓங் லாய்'. அதிர்ஷ்டம் வருகிறது என்பதும் அதே ஓசைதான். என் மகளிடம் கொடுத்து உருட்டச் சொன்னார். "ஹுவாட் ஆ!" என்று, அதாவது செழிக்கட்டும் என்று, அவர் கத்த, பழம் கூடத்தைத் தாண்டி அறைக்கதவில் முட்டி நின்றது. மகளுக்கு இன்னொரு தடவை வேண்டுமாம். மூன்று தடவை உருட்டினாள்.

அடுத்து எங்கள் முறை. அம்மா வெண்கலப்பானையில் மஞ்சள் கட்டி, பாலை ஊற்றி, அடுப்பில் வைத்தாள். இண்டக்ஷன் அடுப்பு. வெண்கலத்தைக் கண்டு கொள்ளவே இல்லை. மூன்று தடவை கீச்சிட்டுவிட்டு அணைந்தது. நல்ல நேரம் போய்க்கொண்டிருந்தது. எட்டாவது பெட்டியைக் கிழித்து ஒரு எவர்சில்வர் பாத்திரத்தைக் கண்டுபிடித்தாள் என் மனைவி. ஏறியது பாருங்கள் சூடு, நாங்கள் கிழக்கு எது என்று பேசிக்கொண்டிருக்கும்போதே பால் பொங்கி, கண்ணாடி மேடையெல்லாம் வழிந்து, இடுக்கில் இறங்கித் தரைக்குச் சொட்டியது. அம்மா கைகூப்பினாள். அடுப்பு விடாமல் அலறியது.

"ஐயோ" என்பதை ஆன்ட்டியும் "ஐயோ" என்றுதான் சொன்னார். துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்தவர், பாதி துடைத்தபின் நிமிர்ந்து, வழியும் பாலையும் பெட்டியில் தலைநீட்டிய ஆட்டுக்கல்லையும் பார்த்துவிட்டு, என்னைப் பார்த்தார்.

"லைட் குக்கிங்" என்றேன்.