பல்லவியோடு நின்றுபோன பாட்டு

பொள்ளாச்சியில் ஏறி, கோபாலபுரம் எல்லைச் செக்போஸ்ட் தாண்டி, கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையில் இறங்குவதற்குள் தனியார் பஸ்ஸில் எட்டுப் பத்துப் பாட்டு ஓடிவிடும். இறங்கியதும் மற்றதெல்லாம் பஸ்ஸோடு போய்விடும். ஒன்று மட்டும் கூடவே இறங்கி, தென்னந்தோப்பு வரப்பில் பின்னாலேயே நடந்து, வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். முழுப் பாட்டாகவும் வராது. ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. பதினைந்து இருபது விநாடித் துண்டு. முடிந்த இடத்திலேயே திரும்பத் தொடங்கும்.

ஜெர்மன்காரர்கள் இதற்குக் காதுப்புழு என்று பேர் வைத்திருக்கிறார்கள். நம் பக்கத்தில் காதில் புழு என்றால் உப்புத் தண்ணீரோடு ஓடிவந்துவிடுவார்கள். 'பாட்டு ஒட்டிக்கிச்சு' என்று சொன்னால் போதும், எல்லாருக்கும் புரியும். பின்லாந்தில் 12,000-க்கும் மேற்பட்டவர்களிடம் இணையத்தில் கேட்டபோது, பத்தில் ஒன்பது பேர் வாரத்துக்கு ஒரு தரமாவது இப்படி ஆவதாகச் சொன்னார்கள். ஆகவே மண்டையில் ஏதோ கோளாறு என்று பயப்பட வேண்டாம்.

ஏன் துண்டாகவே ஒட்டுகிறது என்பதற்கு நம் சினிமாப் பாட்டின் கட்டுமானத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைக்கும். நாலரை நிமிஷப் பாட்டில் ஒரு பல்லவி, இரண்டு சரணம், நடுவில் இரண்டு இடையிசை. பல்லவியின் முதல் வரி எடுப்பில் இரண்டு தரம் வரும், ஒவ்வொரு சரணம் முடிந்த பிறகும் வரும், கடைசியிலும் வரும். எண்ணிப் பாருங்கள்: ஒரு தரம் பாட்டைக் கேட்டால் அந்த வரியை ஐந்து தரம் கேட்டிருப்பீர்கள். இரண்டாம் சரணத்தின் மூன்றாவது வரியை ஒரே ஒரு தரம்தான் கேட்டிருப்பீர்கள். பத்து நாள் தினம் கேட்டால் ஒன்று ஐம்பது, மற்றது பத்து. பல்லவி கல்லில் வெட்டியதுபோல் நிற்பதும், சரணத்தில் 'தனனா தனனா' என்று சமாளிப்பதும் இதனால்தான்.

அந்தத் தனனாவும் சும்மா வந்ததில்லை. பெரும்பாலான பாட்டுகளில் மெட்டுதான் முதலில் பிறக்கிறது. இசையமைப்பாளர் தத்தகாரமாகச் சந்தத்தைக் கொடுப்பார், கவிஞர் அதற்குள் சொல்லை உட்கார வைப்பார். சொல் மறந்தால் அடியில் இருக்கும் தத்தகாரம் தலைகாட்டுகிறது, அவ்வளவுதான். எதுகை செய்யும் வேலை இன்னொன்று. முதல் அடியின் இரண்டாம் எழுத்து அடுத்த அடியை இழுத்துக்கொண்டு வரும், அடுத்த அடி திரும்ப முதல் அடியில் கொண்டுபோய் விடும். செக்கு மாடு சுற்றுவதற்கு இதைவிட நல்ல பாதை வேண்டியதில்லை.

மெட்டிலும் பிடிமானம் இருக்கிறது. 3,000 பேரிடம் எந்தப் பாட்டு ஒட்டியது என்று கேட்டு, 2016-ல் இங்கிலாந்து ஆய்வாளர்கள் வெளியிட்ட முடிவில் மூன்று விஷயம் தெளிவாகத் தெரிந்தது. வேகம் சற்றுக் கூடுதலாக இருக்கும். முதல் அடி மேலே ஏறி அடுத்த அடி கீழே இறங்குவது போன்ற பழகிய வளைவு இருக்கும். அதற்குள் ஓரிடத்தில் எதிர்பாராத தாவலோ, ஒரே சுரத்தைத் திரும்பத் திரும்ப அடிப்பதோ இருக்கும். பழகியதும் பழகாததும் சேர்ந்தால்தான் ஒட்டும். முழுக்கப் புதிதான மெட்டு கையில் நிற்காது, முழுக்கப் பழையது கவனத்திலேயே விழாது.

இப்போது முடிவு என்ற விஷயத்துக்கு வருகிறேன், என் கட்சியே அதுதான். ஒட்டிக்கொள்ளும் துண்டுக்குப் போய்ச் சேர ஓரிடம் இருப்பதில்லை. பல பாட்டுகள் பல்லவியைச் சொல்லிக்கொண்டே ஓசை தேய்ந்து மறைகின்றன. அங்கே முடிவு என்று ஒன்றே கிடையாது. 60 நிமிஷக் கேசட்டில் பாட்டுப் பதிந்து வாங்கிய தலைமுறைக்கு இது நன்றாகத் தெரியும். ஒரு பக்கத்துக்கு 30 நிமிஷம். நாலரை நிமிஷப் பாட்டு ஆறு போக மூன்று நிமிஷம் மிஞ்சும். கடைக்காரர் ஏழாவதைப் போடுவார், இரண்டாம் சரணத்துக்கு முன்னாலேயே டேப் 'டக்' என்று நிற்கும். அந்த ஏழாவது பாட்டு அவர்களுக்கு இன்றைக்கும் அந்த இடத்தில்தான் நிற்கிறது.

இதற்கு நேர்மாறாக, கேரளக் கோயில் திருவிழாவில் செண்டைகள் முழங்கும் பஞ்சாரி மேளத்தைப் பாருங்கள். 96 அட்சரத் தாளச் சுற்றில் நிதானமாகத் தொடங்கி 48, 24, 12 என்று பாதிபாதியாகக் குறுகி, 6 அட்சரத்தில் உச்சத்துக்குப் போய் இறங்குகிறது. கேட்டவர்களின் கையில் தாளம் கொஞ்ச நேரம் துள்ளும். ஆனால் மேளம் தன்னைத் தானே முடித்துவிட்டுத்தான் அனுப்புகிறது.

எல்லைப் பக்கத்துக்கு என்று தனியாக ஒரு வில்லங்கமும் உண்டு. எலப்புள்ளியில் 1928-ல் பிறந்த எம்.எஸ்.விஸ்வநாதனும், பாலக்காட்டுச் சித்தூரில் 1934-ல் பிறந்த பி.லீலாவும், அதே சித்தூர்ப் பக்கம் 1973-ல் பிறந்த ஸ்வர்ணலதாவும் இரண்டு மொழிக்கும் பாட்டுக் கொடுத்த ஊர் இது. இங்கே தமிழ்ப் பாட்டும் மலையாளப் பாட்டும் ஒரே டீக்கடையில் ஒட்டிக்கொள்ளும். மலையாளம் காதுக்குப் பாதி புரியும். அந்தப் பாதிதான் ஆபத்து. 'கரயல்லே' என்று வருவதை நம் காது 'கரை அல்லே' என்று பிரித்து, ஆற்றங்கரையைத் தேடிக்கொண்டு நிற்கும். பாடுகிறவர் 'அழாதே' என்று சொல்லிக்கொண்டிருப்பார். 'வெள்ளம்' வந்தால் பெருக்கு என்று நினைப்போம், அங்கே அது வெறும் தண்ணீர். 'சம்சாரம்' என்றால் மனைவி இல்லை, பேச்சு. பொருள் பொருந்தாத வரி மனசுக்குள் மூடாத கதவு மாதிரி ஆடிக்கொண்டே இருக்கும்.

ஆகவே மலையாள வரி ஒட்டிக்கொண்டால் முதல் வைத்தியம் இதுதான். வரியை முழுசாகத் தமிழ் எழுத்தில் எழுதுங்கள், காதில் விழுந்தபடி. பக்கத்து வீட்டு சேச்சியிடமோ, மலையாளம் மீடியத்தில் படிக்கும் பிள்ளையிடமோ காட்டிச் சொல் சொல்லாகப் பிரிக்கச் சொல்லுங்கள். பிறகு அடுத்த வரியையும் சேர்த்து எழுதி, பாட்டின் கடைசி வரை ஒரு தரம் வாய்விட்டுப் பாடுங்கள். மனசுக்குள் பாடினால் பழைய தடத்திலேயே திரும்ப விழும்.

முழுசாகப் பாடி முடிப்பது எல்லாருக்கும் பலிப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். சிலருக்கு அது இன்னும் அழுத்தி ஆணி அடித்ததுபோல் ஆகிவிடும். இரண்டு தரம் முழுசாகக் கேட்டும் போகவில்லையென்றால் மூன்றாவது தரம் கேட்காதீர்கள். வழியை மாற்றுங்கள்.

மாற்று வழி, நாக்குக்கும் தாடைக்கும் வேலை கொடுப்பது. மனசுக்குள் பாடும்போதும் பேச்சு உறுப்புகளை இயக்கும் ஏற்பாடு கொஞ்சம் வேலை செய்கிறது. அதை வேறொன்றில் மாட்டிவிட்டால் பாட்டு தளரும். 2015-ல் இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் சூயிங்கம் மெல்ல வைத்துச் சோதித்தார்கள். பாட்டு நினைவுக்கு வருவது குறைந்தது. வெற்றிலை பாக்குக்கும் இதே வேலை இருக்க வேண்டும் என்பது என் கணிப்பு. கடலை மிட்டாய் உதவாது, ஒரு நிமிஷத்தில் தீர்ந்துவிடும்.

இன்னொன்று, மூளைக்கு நடுத்தரமான வேலை. இதில்தான் பலரும் தப்புச் செய்கிறார்கள். பாத்திரம் கழுவுவது, தேங்காய் துருவுவது, நேர் ரோட்டில் வண்டி ஓட்டுவது எல்லாம் பாட்டுக்குத் திறந்த வீடு. கை வேலை செய்யும், தலை காலியாக இருக்கும். சரி என்று போய்க் கடினமான சுடோகுவைக் கையில் எடுத்தால், சிக்கிக்கொண்டு மனம் அலையும், அந்த இடைவெளியில் பாட்டு உள்ளே வந்துவிடும். அமெரிக்காவில் 2013-ல் வெளியான ஆய்விலும் இதுவே தெரிந்தது: மிக எளிதானாலும் கஷ்டமானாலும் பாட்டு வருகிறது. வாரப் பத்திரிகைக் குறுக்கெழுத்து, பழகிய கோலத்தைவிட இரண்டு புள்ளி கூடுதலான கோலம், கடைக்கணக்கை மனக்கணக்காகக் கூட்டுவது என்று, தடுமாறாமல் ஆனால் கவனம் சிதறாமல் செய்யக்கூடிய எதுவும் சரிதான்.

'நினைக்கவே கூடாது' என்று பல்லைக் கடிப்பது மட்டும் வேண்டாம். குரங்கை நினைக்காமல் மருந்து குடிக்கச் சொன்ன கதைதான்.

ஒரு பாட்டை விரட்ட இன்னொரு பாட்டைக் கூப்பிடுவதும் உண்டு. கூப்பிடும் பாட்டு அதைவிட மோசமாக ஒட்டக்கூடாது, அதுதான் கணக்கு. தாளமும் சொல்லும் இல்லாத ராக ஆலாபனை நல்லது, பிடித்துத் தொங்க முனை கிடைக்காது. இல்லையென்றால் தெளிவான முடிவுள்ள ஒன்று. பிரிட்டனில் கேட்டபோது சிலர் அவர்களுடைய தேசிய கீதத்தைச் சொன்னார்கள். நம்முடையது 52 விநாடி. பள்ளிக்கூடத்தில் அதோடு பையைத் தூக்கிக்கொண்டு ஓடிப் பழகிய உடம்புக்கு அது முடிந்தால் முடிந்ததுதான். எழுந்து நின்று பாட வேண்டியிருக்கும், அது வேறு.

சொல்லே தெரியாத பாட்டு ஒட்டிக்கொண்டால்? போனில் முணுமுணுத்துத் தேடும் வசதி 2020 முதல் இருக்கிறது. 10 முதல் 15 விநாடி முணுமுணுக்க வேண்டும். ஃபேனை நிறுத்துங்கள். தப்பான சொல்லைப் போட்டுப் பாடுவதைவிட 'ந ந நா' என்று பாடுவது மேல். இடையிசையை முணுமுணுத்தால் பெரும்பாலும் கிடைக்காது, குரல் வரும் மெட்டைப் பிடியுங்கள். முக்கியமாக, வேறெந்தப் பாட்டும் காதில் விழும் முன்னால் பதிவு செய்துவிடுங்கள். ஒட்டிக்கொண்ட பாட்டை மக்கள் அசல் சுருதிக்கு மிகப் பக்கத்திலேயே பாடுகிறார்கள் என்பது 2024-ல் கலிபோர்னியாவில் நடந்த ஆய்வு. சுமார் 45 சதவீதப் பதிவுகள் அசலோடு அப்படியே பொருந்தின. அந்தச் சுருதி கலைவதற்குள் பிடித்துக்கொள்ள வேண்டும்.

பாட்டு தனியாக வருவதில்லை, இடத்தையும் ஆளையும் கூட்டிக்கொண்டு வரும். பாலக்காட்டுத் தமிழில் ஞாபகம் வருவதை 'ஓர்மை வருது' என்பார்களே, அது. எந்தப் பாட்டுக்கு அந்தப் பலம் அதிகம்? ஒரு காலத்தில் ஓயாமல் கேட்டு, அப்புறம் பல வருஷம் காதில் விழாத பாட்டுக்கு. நேற்றும் போன மாதமும் கேட்ட பாட்டில் நூறு நாள் கலந்திருக்கும், அதில் எந்த நாளும் தனியாக எழுந்து வராது. ஆகவே பிடித்த பாட்டை ரிங்டோனாக வைக்காதீர்கள், அலாரமாக வைக்கவே வைக்காதீர்கள். ஒரு மாதத்தில் அந்தப் பாட்டில் பழைய கொல்லங்கோட்டுத் தெரு இருக்காது, காலை ஐந்து மணிதான் இருக்கும்.

மறதி தொடங்கிய பெரியவர்களுக்குப் பாட்டுப் போடுகிறவர்கள் இந்தக் கணக்கை வைத்துக்கொள்ளலாம். பிறந்த வருஷத்தோடு 10-ம் 25-ம் கூட்டுங்கள். 1952-ல் பிறந்தவருக்கு 1962 முதல் 1977 வரை வந்த பாட்டுகள். அந்த வயதில் வீட்டில் என்ன ரேடியோ ஓடியது என்று உடன்பிறந்தவர்களிடம் கேளுங்கள். இலங்கை வானொலியா, விவித் பாரதியா, பக்கத்து வீட்டு மலையாள நிலையமா என்பதைப் பொறுத்து மொழியே மாறும். வீட்டில் தமிழ் பேசுகிறவருக்கு இளமைப் பாட்டு மலையாளமாக இருப்பது இங்கே சாதாரணம். ஹெட்போன் வேண்டாம். ஒலியைப் பேச்சுக் குரலைவிடக் குறைவாக வையுங்கள். அழுதால் உடனே நிறுத்த வேண்டியதில்லை, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருங்கள். முகம் இறுகினாலோ எழுந்து போகப் பார்த்தாலோ நிறுத்திவிடுங்கள்.

யாருமே பாட்டுப் போடாதபோது 'எந்த வீட்டில் மைக்செட் கட்டியிருக்காங்க?' என்று பெரியவர் கேட்டால் அது வேறு சமாசாரம். ஒட்டிய பாட்டு உள்ளே ஓடுவது நமக்கே தெரியும், இது வெளியிலிருந்து கேட்பதாகத் தோன்றும். காது மந்தமானவர்களுக்கு இது வருவதுண்டு. பைத்தியம் என்று அலறாமல் காது டாக்டரிடம் காட்டிக் கேட்கும் திறனைச் சோதியுங்கள். காது மெஷின் வைத்ததும் பலருக்குக் குறையும்.

பாட்டு முடிந்ததும் அடுத்ததைப் போடாதீர்கள், தானாக ஓடும் பட்டியலையும் அணைத்து வையுங்கள். பேச்சு வருவது பாட்டின் நடுவில் இல்லை, முடிந்த பிறகு வரும் இரண்டு மூன்று நிமிஷ அமைதியில்தான். அப்போது 'இது யார் பாடினது?' என்று பரீட்சை வைக்காமல், 'இதை எங்கே கேட்டீங்க?' என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.