அகற்ற மறந்த வடிகட்டி

ஏற்புச் சோதனை (வாங்கிய மென்பொருளை ஏற்பதற்கு முன் வாடிக்கையாளர் சரிபார்ப்பது) என்றதும், மென்பொருளை விற்றவர் நீட்டும் பட்டியலில் வாடிக்கையாளர் வரிக்கு வரி குறியிட்டுக் கையெழுத்திடும் சடங்கே பலருக்கும் நினைவுக்கு வருகிறது. நானும் சில ஆண்டுகள் அப்படித்தான் செய்துவந்தேன். லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தின் ஐந்தாம் முனையம் 2008 மார்ச் 27 அன்று திறக்கப்பட்ட கதையைப் படித்தபின் அந்தப் பழக்கம் எனக்குக் கூச்சத்தைத் தந்தது.

திறப்புக்கு முன் ஏறத்தாழ 15,000 தன்னார்வலர்கள் பயணிகளாக நடித்து அந்த முனையத்தைச் சோதித்திருந்தார்கள். ஆயினும் முதல் சில நாட்களிலேயே நூற்றுக்கணக்கான விமானங்கள் ரத்தாகி, பல்லாயிரம் பெட்டிகள் உரியவர்களுடன் செல்லாமல் தேங்கின. பெட்டிகளைக் கையாளும் ஊழியர்கள் சிலரால் கணினிக்குள் நுழையவே முடியவில்லை. கட்டுமானம் தாமதமானதால் சோதனைக்கான காலம் சுருங்கியிருந்தது. இது எல்லாத் திட்டங்களிலும் நடப்பதுதான்.

என்னை உலுக்கியது வேறொன்று. சோதனையில் உருவாகும் செய்திகள் நிலையத்தின் பிற நடப்பு அமைப்புகளுக்குள் புகுந்துவிடாமலிருக்க, மென்பொருளில் ஒரு வடிகட்டியைப் பொருத்தியிருந்தார்கள். திறப்பு நாளிலும் அது அகற்றப்படாமலே இருந்ததால், பிற விமான நிறுவனங்களிலிருந்து மாறிவந்த பெட்டிகளைப் பற்றிய தகவல் புதிய அமைப்பை எட்டவில்லை. அமைப்பு அடையாளம் காணாத அப்பெட்டிகள் கையால் பிரிப்பதற்கென ஒதுக்கப்பட்டுக் குவிந்தன. சோதனைக்காகச் செய்த பாதுகாப்பே பழுதாக மாறியது.

இப்போதெல்லாம் சோதனைக்கென்று பொருத்தியவை எவை, அவற்றை யார், எந்நாளில் நீக்குவார் என்பதை எழுதித் தரும்வரை நான் ஏற்பு ஆவணத்தில் கையெழுத்திடுவதில்லை. விற்பவர்கள் முகம் சுளிக்கத்தான் செய்கிறார்கள்.